இளம்பிள்ளை சேலை, செவ்வாய்ப்பேட்டை கொலுசு: இங்கிலாந்து வந்து வாட்ஸ்அப், ஃபேஸ்புக்கில் விற்கப் போறவங்களுக்கு

கேள்வி: அம்மாபேட்டை, இப்போ லெஸ்டர்

வணக்கம்ங்க. சேலத்திலிருந்து லெஸ்டர் வந்து மூணு மாசம். வீட்டுக்காரர் வேலை விசா, நான் டிபெண்டன்ட். இளம்பிள்ளை சேலையும் செவ்வாய்ப்பேட்டை கொலுசும் வரவழைச்சு வாட்ஸ்அப், ஃபேஸ்புக்கில் விற்கலாம்னு இருக்கேன். ஊர் ரீசெல்லர் குரூப்பில் நடக்குற மாதிரியே இங்கேயும் நடத்தலாமா? தமிழ்ச் சங்க குரூப்பில் போட்டா தப்பா நினைப்பாங்களா?

பதில்: குகை, இப்போ குராய்டன்

தாராளமா நடத்தலாம் தங்கச்சி. ஆனா ஊர் குரூப் பழக்கத்தில் சிலது இங்கே சட்டப்படியே செல்லாது. அதைக் கழட்டி வெச்சுட்டு ஆரம்பிங்க.

டிபெண்டன்ட் சொந்தத் தொழில் செய்யலாம். ஸ்டூடன்ட் விசாவில் இருக்குறவங்க செய்யவே கூடாது. அதனால பேஜ், பேங்க் கணக்கு எல்லாம் உங்க பேரிலேயே இருக்கட்டும், வீட்டுக்காரர் பேரில் வேண்டாம். ஏப்ரல் 6-இல் தொடங்குற வரி வருஷத்தில் மொத்த விற்பனை 1,000 பவுண்டைத் தாண்டினா வரித்துறையில் பதிவு செய்யணும். கவனிங்க, லாபம் இல்லை, வந்த பணம் மொத்தமும். 40 பவுண்டு வீதம் இருபத்தஞ்சு சேலை போனாலே அந்தக் கோட்டுக்கு வந்துடுவீங்க.

இப்போ ஊர் பழக்கம். "பார்சல் ஓபனிங் வீடியோ கட்டாயம், நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்"னு நம்ம குரூப்பில் எல்லாரும் போடுவாங்க. இங்கே ஆன்லைனில் வாங்கினவங்களுக்கு, பொருள் கைக்கு வந்ததிலிருந்து 14 நாளுக்குள்ள காரணமே சொல்லாம வேண்டாம்னு சொல்ல உரிமை இருக்கு. சொன்ன பிறகு திருப்பி அனுப்ப இன்னொரு 14 நாள். பொருள் உங்ககிட்ட வந்ததும் 14 நாளுக்குள்ள பணத்தைத் திருப்பணும், முதலில் வாங்கின சாதாரண டெலிவரி சார்ஜையும் சேர்த்து. இந்த உரிமை இருக்குன்னு நீங்க சொல்லாம விட்டா, அது தன்னால ஒரு வருஷம் வரைக்கும் நீளும். வீடியோ இல்லைன்னு மறுத்தா சட்டம் வாங்கினவங்க பக்கம்தான் நிக்கும். விதிவிலக்கு ஒண்ணு உண்டு: அவங்க அளவுக்குத் தைச்சுக் கொடுத்த பிளவுஸ். அது தனியா நிக்கும்படி சேலைக்கு ஒரு வரி, தையலுக்கு ஒரு வரின்னு பில்லைப் பிரிச்சுப் போடுங்க.

அடுத்தது "விலைக்கு இன்பாக்ஸ் வாங்க". இங்கே இது ரெண்டு விதத்தில் அடி. விலையை வெளிப்படையா காட்டணும்ங்கறது சட்டம். அதோட, ஆளுக்கு ஒரு விலை சொல்றாங்களோன்னு வாங்க வந்தவங்க சத்தமில்லாம நகர்ந்துடுவாங்க. உங்க பேரும் முகவரியும்கூடத் தெரியணும். மொபைல் நம்பர் மட்டும் போதாது.

மூணாவதுதான் பெரிய தப்பு: எல்லாத்தையும் "பட்டு"ன்னு போடறது. இளம்பிள்ளையில் "சாஃப்ட் சில்க்"னு வர்றதில் நிறைய பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்த ஆர்ட் சில்க், அதாவது செயற்கைப் பட்டு. ஊரில் விலையைப் பார்த்தே வாங்குறவங்களுக்குப் புரிஞ்சுடும். இங்கே "சில்க்"னு எழுதினா அசல் பட்டுன்னுதான் அர்த்தம். துணியில் என்ன நூல் எத்தனை சதவீதம்னு குறிப்பிடவும் வேணும். புவிசார் குறியீடு வாங்கின சேலம் வெண்பட்டு வேற, இது வேற. அந்தப் பேரை இதுக்கு வைக்காதீங்க. நெசவாளிக்கும் செய்யுற துரோகம் அது. கடைக்காரர்கிட்ட நூல் விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக்கோங்க.

ஒரு பதிவு இந்த மாதிரி இருக்கட்டும்:

"இளம்பிள்ளை ஆர்ட் சில்க் சேலை. கத்திரிப்பூ நிறம், மயில்கழுத்து பார்டர். சேலை 5.5 மீட்டர், பிளவுஸ் துணி 80 சென்டிமீட்டர், சேர்ந்தே வரும். பாலியஸ்டர் 60%, விஸ்கோஸ் 40%. விலை 38 பவுண்டு, பிரிட்டனுக்குள் டெலிவரி 4 பவுண்டு. கையில் இருப்பது 3. மூன்று நாளில் அனுப்புவோம். 14 நாள் ரிட்டர்ன் உண்டு."

கீழே அதையே இங்கிலீஷிலும் போடுங்க. லெஸ்டரில் குஜராத்திக் குடும்பங்கள் நிறைய, அவங்களும் வாங்குவாங்க. இலங்கைத் தமிழர்கள் "சாறி"ன்னு எழுதுவாங்க. தேடும்போது கிடைக்கணும்னா அந்தச் சொல்லையும் ஒரு இடத்தில் சேருங்க.

கடைக்காரர் அனுப்புற போட்டோவை அப்படியே போடாதீங்க. அதே படம் நூறு ரீசெல்லர்கிட்ட சுத்திக்கிட்டிருக்கும், நிறமும் ஏத்தியிருப்பாங்க. திருப்பி வர்ற சேலைக்குப் பெரும்பாலும் காரணம் நிறம்தான். பகல்ல ஜன்னல் பக்கத்தில், லைட்டை அணைச்சுட்டு, ஃபில்டர் இல்லாம அஞ்சு படம் எடுங்க: மடிச்சது, முந்தானை விரிச்சது, பார்டர் கிட்டத்தில், பிளவுஸ் துணி, அப்புறம் பின்பக்கம். பின்பக்கத்தில் நூல் தொங்குதா, வெட்டியிருக்கான்னு காட்டுற படத்தைப் பார்த்துத்தான் விவரம் தெரிஞ்சவங்க வாங்குவாங்க.

பணத்தைக் கையில் வாங்குறதுக்கு முன்னாடி ஸ்டாக் இருக்கான்னு ஊர்க் கடையில் கேளுங்க. கோடையில் இங்கே நம்ம ஊரைவிட நாலரை மணி நேரம் பின்னாடி, குளிர்காலத்தில் அஞ்சரை. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறு மாறும். கோடையிலேயே இங்கே சாயங்காலம் ஆறுன்னா இளம்பிள்ளையில் ராத்திரி பத்தரை, கடை பூட்டியாச்சு. பேபாலில் "ஃபிரண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி"யில் போடச் சொல்லாதீங்க. வாங்குறவங்களுக்குப் பாதுகாப்பு போயிடும், பேபால் விதிக்கும் எதிரானது. ஊரிலிருந்து வர்ற பார்சலில் "கிஃப்ட்"னு எழுதச் சொல்றதும் பொய்யான சுங்க அறிவிப்பு.

பதில்: செவ்வாய்ப்பேட்டை, இப்போ பர்மிங்காம்

கொலுசைப் பத்தி மட்டும் சொல்றேன். இங்கே 7.78 கிராமுக்கு மேல எடையுள்ள பொருளை "வெள்ளி"ன்னு சொல்லி விற்கணும்னா ஹால்மார்க் இருந்தே ஆகணும். இந்தியாவில் போட்ட முத்திரை செல்லாது. லண்டன், பர்மிங்காம், ஷெஃபீல்டு, எடின்பரோன்னு நாலு ஊரில், தரம் சோதிச்சு முத்திரை போடுற அஸ்ஸே ஆபீஸ் இருக்கு. அங்கே பதிவு செஞ்சு, பொருளை அனுப்பி முத்திரை வாங்கணும்.

பெரிய கொலுசில் ஒத்தைக் காலுக்கே அந்த எடை தாண்டும். இங்கே வெள்ளிக்குக் குறைஞ்ச தரம் 800, அதாவது நம்ம கணக்கில் 80 டச், நூத்துக்கு 80 பங்கு வெள்ளி. பட்டறையில் எழுபது, அறுபது டச்சிலும் கொலுசு ஓடுது. அதுக்கு இங்கே முத்திரையே கிடைக்காது, வெள்ளின்னு சொல்லவும் முடியாது. ஆர்டர் கொடுக்கும்போதே 925 வேணும்னு சொல்லிடுங்க. சங்கிலி நல்ல தரமா இருந்து திருகும் சலங்கையும் மட்டம்னா மொத்தப் பொருளும் முத்திரை கிடைக்காம நின்னுடும், அதனால திருகையும் சேர்த்துப் பேசுங்க. வெள்ளி விற்கிற பக்கத்தில், ஹால்மார்க் முத்திரைகளை விளக்குற டீலர் நோட்டீஸும் வாங்குறவங்க கண்ணில் படணும். முதல் தடவை ஒரு ஜோடியை மட்டும் அனுப்பிப் பாருங்க.

பதில்: அஸ்தம்பட்டி, இப்போ ரெடிங்

தமிழ்ச் சங்க குரூப் பத்தி. போடறதுக்கு முன்னாடி குரூப் விவரத்தையும் பின் செஞ்ச செய்தியையும் படிங்க. வியாபாரப் பதிவுக்குத் தனி நாளோ தனி குரூப்போ இருக்கும். இல்லைன்னா அட்மினுக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்க: "சேலை விற்கிறேன்க்கா, மாசம் ஒரு பதிவு போடலாமா?" கேட்டா பெரும்பாலும் மறுக்க மாட்டாங்க. கேட்காம போட்டா நீக்குவாங்க, திரும்பச் சேர்க்குறது கஷ்டம். துக்கச் செய்திக்குக் கீழேயும், யாராவது உதவி கேட்டிருக்குற நேரத்திலும் சேலைப் படம் வேண்டவே வேண்டாம்.

அந்த குரூப்பிலிருந்து நம்பரை எடுத்துத் தனித்தனியா மெசேஜ் அனுப்பவே கூடாது. சம்மதம் இல்லாம விளம்பரம் அனுப்புறது இங்கே சட்டப்படி தப்பு. சம்மதம் சொன்னவங்க பேரு, தேதி ரெண்டையும் ஒரு நோட்டில் எழுதி வைங்க; யாராவது "நிறுத்துங்க"ன்னா அன்னைக்கே நிறுத்துங்க. கேட்காம உங்க வியாபார குரூப்பில் சேர்க்குறதும் அதே கதைதான். சேர்ந்தவங்க எல்லாருக்கும் அவங்க நம்பர் தெரிஞ்சுடும். அதுக்கு வாட்ஸ்அப் சேனல் நல்லது, பின்தொடர்றவங்க நம்பர் மத்தவங்களுக்குத் தெரியாது. பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனா உங்க நம்பரை சேவ் செஞ்சவங்களுக்கு மட்டும்தான் போகும். "அனுப்புறேன், யாருமே பார்க்கலை"ங்கற புகாருக்குக் காரணம் இதுதான். முதல் ஆர்டரிலேயே நம்பரை சேவ் பண்ணச் சொல்லுங்க.

வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்புக்கு இங்கத்து நம்பரைத் தனியா வைங்க, ஊர் நம்பர் இளம்பிள்ளைக் கடைகளுக்கு இருக்கட்டும். கேட்லாக்கில் விலையோட ஏத்திட்டா பாதி கேள்வி குறைஞ்சுடும். ராத்திரி ஒன்பதுக்கு மேல பதில் வராதுன்னு அவே மெசேஜ் வைங்க. முன்னறிவிப்பு இல்லாம கால் பண்ணாதீங்க. மூணு நிமிஷ வாய்ஸ் நோட் அனுப்பாதீங்க, ஆபீஸில் இருக்குறவங்களால் கேட்க முடியாது.

ஃபேஸ்புக்கில் சொந்த புரொஃபைலில் கடை நடத்துறது அவங்க விதிக்கு எதிரானது, தனியா பேஜ் திறங்க. சேலை கட்டி வாடிக்கையாளர் அனுப்புற படத்தை, எழுத்தில் சம்மதம் வாங்காம போடாதீங்க, குழந்தை முகம் இருந்தா கட்டாயம் கேளுங்க.

கேள்வி: அம்மாபேட்டை, இப்போ லெஸ்டர்

ரொம்ப நன்றிங்க. கமெண்டில் யாராவது "சாயம் போகுது"ன்னு எழுதினா அழிச்சுடலாமா? அப்புறம் ஏற்காடு காபித்தூளும் பாக்கெட் போட்டு விற்கலாமா?

பதில்: குகை, இப்போ குராய்டன்

அழிக்காதீங்க. "வருத்தமா இருக்குக்கா, எந்தச் சேலைன்னு மெசேஜில் படம் அனுப்புங்க, இன்னைக்கே பார்க்குறேன்"னு அங்கேயே ஒரு வரி, மீதியைத் தனியா பேசுங்க. சரி பண்ணினதும் அதே இடத்தில் "பணம் திருப்பியாச்சு"ன்னு எழுதுங்க. அந்த ரெண்டு வரியைப் பார்த்து வாங்குறவங்க உண்டு. அதே நிறத்தில் கையிருப்பு இருந்தா ஒரு ஓரத்தை வெள்ளைத் துணியில் நனைச்சுத் தேய்ச்சுப் பாருங்க. ஒட்டினா அந்த லாட்டையே நிறுத்தி வைங்க.

காபித்தூளை வீட்டில் பாக்கெட் போட்டு விற்க, ஆரம்பிக்க 28 நாளுக்கு முன்னாடியே உள்ளூர் கவுன்சிலில் உணவுத் தொழிலா பதிவு செய்யணும், கட்டணம் இல்லை. சேலை ஒரு ஓட்டம் ஓடட்டும், காபியை அப்புறம் எடுங்க.