ஏசி போட்டு நின்றால் சூடாகிறது, ஓடினால் இறங்கிவிடுகிறது: ரேடியேட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

ஈசூன்வாசி:

வணக்கம். பழைய கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

என்னுடையது 2009ல் பதிவான ஜப்பானிய செடான், 1.6 லிட்டர், ஆட்டோ கியர். 2019ல் சிஓஇயை (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ்) பத்து ஆண்டுக்குப் புதுப்பித்தேன். 2029 வரை இதுதான் எங்கள் வண்டி. இதுவரை 231,000 கிமீ ஓடியிருக்கிறது.

போன சனிக்கிழமை மதியம் அம்மாவை ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டி ஜேபியில் (மலேசியாவின் ஜோகூர் பாரு) சித்தி வீட்டுக்குக் கிளம்பினேன். புக்கிட் தீமா விரைவுச்சாலை முழுக்க இன்ஜின் சூடு காட்டும் முள் பாதிக்குச் சற்றுக் கீழே, எப்போதும் நிற்கும் இடத்தில்தான் நின்றது. உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச் சாவடி வரிசையில் மாட்டி அரை மணி நேரம் ஆகியிருக்கும். முதலில் ஏசி காற்றில் குளிர் போனது. கொஞ்ச நேரத்தில் முள் பாதியைத் தாண்டி ஏற ஆரம்பித்தது. இனிப்பாக ஒரு வாடை வேறு. ஏசியை அணைத்துக் கண்ணாடிகளை இறக்கினேன். அதற்குமேல் முள் ஏறவில்லை, ஆனால் இறங்கவும் இல்லை. இரண்டு பக்கமும் லாரி, புகை, வெயில். அம்மாவுக்கு 74 வயது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்லப்பா, நீ பதறாம ஓட்டு" என்று எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தார். சோதனைச் சாவடி தாண்டிப் பாலத்தில் வண்டி ஓட ஆரம்பித்ததும் முள் தானாக இறங்கிவிட்டது. இரவு பதினொரு மணிக்குத் திரும்பும்போது ஒரு தொந்தரவும் இல்லை.

மறுநாள் காலை பார்த்தால் ரிசர்வ் டப்பாவில் கூலண்ட் (இன்ஜினை ஆற்றும் திரவம்) கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. வீட்டுக் குழாய்த் தண்ணீரை அரை லிட்டர் போல ஊற்றி வைத்தேன்.

ஒரு வெர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானெட்டைத் திறந்து இரண்டு நிமிடம் பார்த்தார்கள். ரேடியேட்டர் போய்விட்டது, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் (சூட்டைப் பார்த்துக் கூலண்ட் வழியைத் திறந்து மூடும் வால்வு) எல்லாம் சேர்த்து மாற்றிவிடலாம், 850 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றார்கள். இரண்டு மாதத்துக்கு முன் ஏசி சரியாகக் குளிரவில்லை என்று அங்கேதான் கேஸ் அடித்தேன். அதற்குப் பிறகும் சிக்னலில் நின்றால் காற்று வெதுவெதுப்பாகத்தான் வரும், வண்டி நகர்ந்தால் சில்லென்று ஆகிவிடும். அது வேறு பிரச்சினை என்று விட்டுவிட்டேன்.

செலவழிக்கத் தயார். ஆனால் காரணம் தெரியாமல் மாற்றிவிட்டு, மறுபடியும் அம்மாவை அந்த வரிசையில் உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை.

தினமும்ஜேபி:

தம்பி, அந்த வரிசையில் நானும் வாரத்துக்கு ஐந்து நாள் நிற்கிறேன், உங்கள் கஷ்டம் புரிகிறது. என் பழைய வேனில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு நாலு வருடம் ஓட்டினேன். நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்பார்கள். அவசரத்துக்கு இன்னொரு வழி, ஹீட்டரைச் சூட்டில் முழுசாகத் திருப்பி வையுங்கள். இன்ஜின் சூடு கொஞ்சம் உள்ளே வந்துவிடும், முள் இறங்கும்.

பழையபணிமனை:

ஈசூன் தம்பிக்கு, 26 வருடம் பேருந்துப் பணிமனையில் ஏசி வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் "வேறு பிரச்சினை" என்று ஒதுக்கியது வேறு இல்லை. இரண்டும் ஒன்றுதான். முதலில் ஏசி குளிர் போனது, அப்புறம் முள் ஏறியது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிசைதான் முக்கியம்.

பானெட்டுக்கு முன்னால், கிரில்லுக்குப் பின்னால் ஏசி கண்டன்சர் இருக்கிறது. அதற்குப் பின்னால்தான் ரேடியேட்டர். காருக்குள் இருந்து எடுத்த வெப்பத்தையெல்லாம் கண்டன்சர் வெளியே தள்ளும். அந்தச் சூட்டுக் காற்றுதான் ரேடியேட்டருக்குப் போகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று இரண்டையும் ஆற்றிவிடும். நிற்கும்போது அந்த வேலை முழுக்க ஃபேன் தலையில். ஃபேன் இழுக்கவில்லை என்றால் முதலில் கண்டன்சர் திணறும், ஏசி வெதுவெதுப்பாகும். பிறகுதான் இன்ஜின் தண்ணீர் சூடாகும். உங்களுக்கு நடந்தது அப்படியே இதுதான்.

ரேடியேட்டர் உள்ளே அடைத்திருந்தாலோ, வாட்டர் பம்ப் தேய்ந்திருந்தாலோ 90 கிமீ வேகத்தில் மேடு ஏறும்போதுதான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். இன்ஜின் அப்போதுதான் அதிகம் சூடு தருகிறது. உங்கள் வண்டி விரைவுச்சாலையில் ஒழுங்காக வந்திருக்கிறது. அதனால் தண்ணீரைச் சந்தேகப்படும் முன் காற்றைப் பாருங்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். உங்கள் மாதிரி ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் இரண்டு ஃபேன், ஏசி போட்டதும் இரண்டும் சுற்ற வேண்டும். இப்போது ஒரு ஏ4 தாளைக் கிரில்லுக்கு முன்னால் பிடித்து விடுங்கள். உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவை. எந்தப் பக்கம் தாள் நழுவி விழுகிறதோ அங்கே பாருங்கள். சுற்றுகிறதா என்று கண்ணால் பார்ப்பது போதாது. மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் தேய்ந்துவிட்டால் ஃபேன் சுற்றும், ஆனால் இழுக்காது. இதைப் பார்க்காமல் கேஸ் அடித்தால் ஒரு பயனும் இருக்காது. அளவுக்கு மேல் அடித்திருந்தால் அழுத்தம் கூடி இன்னும் சூடாகும். பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் லேபிளில் எத்தனை கிராம் என்று இருக்கும். பழைய கேஸை வெளியே எடுத்து, வேக்யூம் போட்டு, அந்த அளவுக்கு எடை பார்த்துப் போடச் சொல்லுங்கள்.

இன்ஜின் அணைந்திருந்தாலும் ஃபேன் பக்கம் கை கொண்டுபோகாதீர்கள். மின்சார ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கலாம்.

இன்னொன்று, வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள்? மரத்தடியா?

ஜேபி சகோதரர் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை, வருத்தப்பட வேண்டாம். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான் பக்கவழி மூடும். அதைக் கழற்றினால் சுடு தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குள் சுற்றும். ஹீட்டர் யோசனை நல்லதுதான், ஆனால் நம் பக்கம் விற்ற பழைய கார்கள் பலவற்றில் ஹீட்டரே வைக்கவில்லை. குமிழைத் திருப்பிப் பார்த்துச் சூடு வருகிறதா என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள், வரிசையில் நிற்கும்போது வேண்டாம்.

பாத்தோக்அக்கா:

பணிமனை ஐயா சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன். என் காருக்கும் 13 வயது.

டேஷ்போர்டு முள்ளை முழுசாக நம்பாதீர்கள். நடுவில் இருக்கும்போது பத்து இருபது டிகிரி ஏறினாலும் அசையாத மாதிரிதான் பல கார்களில் அமைத்திருக்கிறார்கள். முள் நகர்ந்தது உங்கள் கண்ணில் படும்போது சூடு ஏற்கனவே ரொம்ப மேலே போயிருக்கும். ஓபிடி அடாப்டர் (காரின் கணினித் தகவலைப் படிக்கும் சின்னக் கருவி) ஒன்று வாங்கி ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் சொருகினால் கைப்பேசியில் உண்மையான டிகிரி தெரியும். நான் 22 வெள்ளிக்கு வாங்கினேன்.

ரேடியேட்டர் மூடியையும் மாற்றிவிடுங்கள். நீங்கள் சொன்ன இனிப்பு வாடை கூலண்ட் வாடைதான். மூடியின் ரப்பர் காய்ந்துபோனால் அழுத்தம் நிற்காது, சீக்கிரமே கொதித்து வழியும். பாதிக்குப் பாதி கூலண்டும் நல்ல மூடியும் இருந்தால் 120 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். மூடி போய், வெறும் தண்ணீரும் ஊற்றினால் 100தான். பழைய மூடியில் போட்டிருக்கும் அழுத்த எண் எதுவோ அதே எண்ணில் வாங்குங்கள், கூடுதல் எண் போட்டால் பழைய ஹோஸ் தாங்காமல் போகலாம். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும், தயவுசெய்து. என் அண்ணன் கையில் இன்னும் தழும்பு இருக்கிறது.

ஒருவேளை விரைவுச்சாலையிலேயே ஏறிவிட்டால் ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். ஓரம் கட்டி இன்ஜினை அணைத்து, அம்மாவைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கவையுங்கள். ஈமாஸ் (விரைவுச்சாலைக் கண்காணிப்புச் சேவை) மீட்பு வண்டி வந்து பக்கத்துக் கார் நிறுத்துமிடத்தில் இலவசமாகவே விட்டுவிடும். ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகத்துக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போனால் ஆகிற செலவை நினைத்தால் அரை மணி நேரம் காத்திருப்பது ஒன்றுமில்லை.

ஈசூன்வாசி:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

ஞாயிறு காலை தாளைப் பிடித்துப் பார்த்தேன். இடது பக்கம் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. வலது பக்கம் இரண்டு நொடி ஆடிவிட்டுக் கீழே விழுந்தது. மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் விழுந்தது. அந்த ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஐயா சொல்லாமல் இருந்திருந்தால் நல்லாத்தான் இருக்கிறது என்று பானெட்டை மூடியிருப்பேன்.

காக்கி புக்கிட்டில் நண்பர் சொன்ன ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ரேடியேட்டரை மேலே கழற்றிப் பின்னால் சாய்த்தார். கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்கிறது. அதன் அடிப்பாகம் முழுக்க, வடிகட்டிப் போட்ட தேயிலைச் சக்கை மாதிரி, கறுப்பாக ஈரமாகப் படிந்திருந்தது. எங்கள் புளோக் கீழே தூங்குமூஞ்சி மரத்தடியில்தான் பதினைந்து வருடமாக நிறுத்துகிறேன். அந்தச் சின்னச் சின்ன இலையெல்லாம் உள்ளே போய் மக்கியிருக்கிறது. முன்னாலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அவர் அழுத்தம் குறைத்து, இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவினார். வேகமாக அடித்தால் தகடு மடங்கிவிடுமாம்.

வலது ஃபேன் மோட்டார் 140 வெள்ளி, மூடி 18, நான் ஊற்றிய குழாய்த் தண்ணீரோடு எல்லாவற்றையும் வடித்து, கையேட்டில் சொன்ன கூலண்ட் ஊற்றியது 60. ஏசி கேஸையும் எடுத்து எடை போட்டுப் பார்த்தார். லேபிளில் இருப்பதைவிடக் கூடுதலாகத்தான் இருந்தது. கூலியோடு மொத்தம் 330. ரேடியேட்டர் பழையதே.

நேற்று சனிக்கிழமை, அதே மதிய நேரம், அம்மா இல்லாமல் நான் மட்டும் உட்லண்ட்ஸ் வரிசையில் போய் நின்றேன். 50 நிமிடம், ஏசி முழுசாக. கைப்பேசியில் 93க்கும் 98க்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஃபேன் வேகம் கூடும்போது சத்தம் உள்ளே கேட்டது, எண் உடனே குறைந்தது. வண்டி நின்றபோதும் ஏசி காற்று குளிர்ந்தது. தீபாவளிக்கு முன்னால் அம்மாவைச் சித்தி வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன்.

ஹீட்டரும் பார்த்தேன். என் காரில் இல்லை.

பழையபணிமனை:

நல்லது தம்பி. ஒரு தடவை கொதித்த வண்டி, அதனால் இரண்டு வாரத்துக்குத் தினமும் காலையில், ஸ்டார்ட் செய்யும் முன் ரிசர்வ் டப்பாவைப் பாருங்கள். இப்போது இருக்கும் மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மட்டம் அசையாமல் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் வாட்டர் பம்புக்குக் கீழே இருக்கும் சின்ன ஓட்டையில் நிறக்கறை தெரிகிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே ஒன்றும் இல்லாமல் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் சோதனை கேளுங்கள், நீல நிறத் திரவம் வைத்துப் பார்ப்பார்கள், மஞ்சளானால் கசிவு. கிளம்புவதற்கு முன்தினம் மறுபடியும் தாளைப் பிடித்துப் பாருங்கள். அம்மாவுக்கு என் வணக்கம்.