டெம்போ ஓடியதில் மாதம் 366 டன் கார்பனா? எங்கே தப்பு விட்டேன்?

அவினாசி ரோடு எழுதியது:

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஷிப்பிங் டாக்குமென்ட் பார்க்கிறேன். சரக்குப் போக்குவரத்துக்கும் கழிவுக்கும் எவ்வளவு கார்பன் ஆகிறது என்று கேட்டு எங்கள் ஜெர்மன் பையர் ஒரு எக்செல் ஷீட் அனுப்பியிருக்கிறார். "உனக்குத்தான் எக்செல் நல்லா வருமே" என்று ஜி.எம். அதை என் தலையில் கட்டிவிட்டார். கார்பனுக்கும் எனக்கும் இதுவரை இருந்த உறவு டிசி (சரக்கோடு அனுப்பும் டெலிவரி சலான்) புத்தகத்தில் வைக்கும் கார்பன் பேப்பர் மட்டும்தான்.

எங்களிடம் கட்டிங், தையல், பேக்கிங் மட்டும்தான். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் எல்லாம் வெளியே ஜாப் ஒர்க். அதனால் துணி நாள் முழுக்க வாடகை டெம்போவில் ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். போன மாத டிசி புத்தகத்தை உட்கார்ந்து எண்ணினேன். 412 டிரிப். மொத்த எடை 123.6 டன். போகும் தூரம் மட்டும் மொத்தம் 4,944 கி.மீ. ஷீட்டில் "டன்-கி.மீ." என்று ஒரு கட்டம் இருந்தது. இரண்டையும் பெருக்கிப் போட்டேன். 6.11 லட்சம் வந்தது. பிரிட்டிஷ் அரசு வருடா வருடம் வெளியிடும் அட்டவணையில் டீசல் வேனுக்கு டன்-கி.மீ.க்கு 0.6 கிலோ அளவில் இருந்தது. அதால் பெருக்கினால் 366 டன்.

அதே ஷீட்டில் எங்கள் மூன்று கன்டெய்னர், தலா 8 டன், தூத்துக்குடியிலிருந்து ஹாம்பர்க் போய்ச் சேர்வதற்கு ஐந்து டன்தான் வருகிறது. கடல் கடந்து போன துணிக்கு ஐந்து, மங்கலம் ரோட்டுக்குப் போய் வந்த துணிக்கு 366. ஜி.எம். பார்ப்பதற்கு முன்னால் யாராவது சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு சந்தேகம். நாங்கள் எஃப்.ஓ.பி.யில்தான் விற்கிறோம், அதாவது கப்பலில் ஏற்றும் வரைதான் எங்கள் செலவு, கப்பல் வாடகை பையருடையது. அதை நான் ஏன் எழுத வேண்டும்? அப்புறம், கட்டிங் வேஸ்ட் மாதம் 4.5 டன், விற்றுவிடுகிறோம். காசு வாங்கிக்கொண்டு கொடுப்பது கழிவில் சேருமா? இப்போதைக்குக் குப்பைமேட்டுக்குப் போவதாகப் போட்டேன், இரண்டு டன் சொச்சம் வந்தது. மறுசுழற்சி என்றால் மைனஸில் போடலாம் என்கிறார் மெர்ச்சண்டைசர். சரியா?

நூல்கண்டு எழுதியது:

இது ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் வரிக்காகத்தான் கேட்கிறார்கள். தப்பாகக் கொடுத்தால் வரி போட்டுவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

கரிக்கணக்கு எழுதியது:

முதலில் மேலே உள்ளதற்கு: இல்லை. அந்த எல்லை வரி இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் இவற்றுக்குத்தான். பனியன் அந்தப் பட்டியலில் இல்லை. பையர் கேட்பது தன்னுடைய ஸ்கோப் 3 கணக்குக்காக. அவருடைய சப்ளையர்கள், லாரிகள், கப்பல்கள் விடும் புகையும் அவர் கணக்கில் ஏறுகிறது.

இப்போது 366 டன். அட்டவணையைத் தேட வேண்டாம், பெட்ரோல் பங்க்கை நினைத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 366 டன்னை 2.7 ஆல் வகுத்தால் 1,35,000 லிட்டருக்கு மேல். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தாலும் உங்கள் டெம்போக்காரர் ஒரே மாதத்தில் ஒன்றேகால் கோடிக்கு டீசல் போட்டிருக்க வேண்டும். உங்களிடம் அவர் வாங்கிய வாடகை எவ்வளவு?

தப்பு பெருக்கலில் இருக்கிறது. டன்-கி.மீ. என்பது ஒவ்வொரு டிரிப்புக்கும் தனித்தனியாக எடையையும் தூரத்தையும் பெருக்கி, அப்புறம் கூட்ட வேண்டியது. நீங்கள் முதலில் கூட்டிவிட்டு அப்புறம் பெருக்கியிருக்கிறீர்கள். உங்கள் கணக்குப்படி 123.6 டன்னும் ஒரே வண்டியில் ஏறி 4,944 கி.மீ. போயிருக்கிறது. உங்கள் சராசரி டிரிப் 300 கிலோ, 12 கி.மீ. அதாவது 3.6 டன்-கி.மீ. 412 டிரிப்புக்கு 1,483. அதை 0.6 ஆல் பெருக்கினால் 890 கிலோ, ஒரு டன்கூட இல்லை. டிரிப்புகள் எல்லாம் ஒரே மாதிரி என்றால், எத்தனை டிரிப்போ அத்தனை மடங்கு தப்பு வரும். உங்களுக்கு வந்திருப்பது சரியாக 412 மடங்கு. எனக்கு வரும் ஷீட்டுகளில் அதிகம் பார்க்கும் தப்பு இதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை.

எஃப்.ஓ.பி. விஷயம். கம்பெனிகள் கார்பன் கணக்கு எழுதப் பின்பற்றும் விதிமுறையான கிரீன்ஹவுஸ் கேஸ் புரோட்டோகால் 2011-இல் ஸ்கோப் 3-ஐ 15 வகையாகப் பிரித்தது. நீங்கள் காசு கொடுத்து ஓட்டுவது வகை 4. நீங்கள் விற்ற சரக்கை வேறு யாரோ காசு கொடுத்துக் கொண்டுபோனால் வகை 9. டெம்போவும், தூத்துக்குடி டிரெய்லரும் உங்கள் 4. கப்பல் உங்களுக்கு 9, அதே கப்பல் பையருக்கு 4. கம்பெனியின் சொந்த வண்டி இருந்தால் அது ஸ்கோப் 3-லேயே வராது, ஸ்கோப் 1, அதாவது கம்பெனியே நேரடியாக விடும் புகை.

கடல் தூரமும் பார்க்க வேண்டும். ஐந்து டன் என்பது சூயஸ் வழிக்கான சுமார் 13,000 கி.மீ.க்கு வந்திருக்கும். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கியதிலிருந்து பெரும்பாலான கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. நன்னம்பிக்கை முனை வழி என்றால் ஹாம்பர்க்குக்கு 20,000 கி.மீ. பக்கம், ஐந்து டன் ஏழரைக்கு மேல் போகும். உங்கள் கப்பல் எந்த வழியில் போனது என்று கப்பலில் சரக்கை புக் செய்யும் ஃபார்வர்டரிடமே கேளுங்கள்.

ஒரு கேள்வி. இந்த வருடம் விமானத்தில் ஏதாவது அனுப்பினீர்களா?

சங்ககிரி லாரி ஷெட் எழுதியது:

அம்மணி, நான் வண்டி ஓட்டி, வண்டி வைத்துப் பிழைக்கிறவன். கார்பன் தெரியாது, டீசல் தெரியும். தம்பி சொன்ன பெருக்கல் சரி. ஆனால் 890 கிலோவும் வராதுங்க, கூடத்தான் வரும்.

டெம்போ டையிங்கில் துணியை இறக்கிவிட்டு அங்கேயே படுத்துக்கொள்வதில்லை, திரும்பி வர வேண்டும். அந்த டீசல் எந்த டிசியிலும் இருக்காது. சரி, எல்லா டிரிப்பையும் இரண்டால் பெருக்கிவிடலாமா என்றால் அதுவும் தப்பு. போகும்போது சாயம் போடாத கிரே துணி, வரும்போது ஏற்கெனவே சாயம் போட்ட துணி என்று ஏற்றி வந்தால் வருவதற்கு இன்னொரு டிசி இருக்கும். அதே தூரத்தை இரண்டு தடவை எழுதிவிடுவீர்கள். எடை, தூரம் எல்லாம் கிடக்கட்டும். மாதம் முதல் தேதியும் கடைசித் தேதியும் வண்டியின் மீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மைலேஜ் டிரைவரிடம் கேளுங்கள். ஓனரிடம் கேட்காதீர்கள், அவர் வண்டி வாங்கும்போது ஷோரூமில் சொன்ன மைலேஜைச் சொல்வார்.

கன்டெய்னரும் அப்படித்தான். காலி கன்டெய்னர் தூத்துக்குடி யார்டிலிருந்து உங்கள் கேட்டுக்கு வருகிறதே, அது சும்மாவா வருகிறது? முன்னூற்று முப்பது கி.மீ. காலியாக வந்து, சரக்கோடு முன்னூற்று முப்பது திரும்புகிறது. டிரெய்லர் லிட்டருக்கு 3.3 கொடுத்தால் 200 லிட்டர். அட்டவணையில் லாரிக்கு டன்-கி.மீ.க்கு நூறு கிராம் பக்கம் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் 8 டன்னுக்கு 264 கிலோதான் வரும். டீசல் கணக்கில் 540 கிலோ. வெள்ளைக்காரன் ஊர் லாரி திரும்பும்போது பாதியாவது ஏதாவது ஏற்றிக்கொண்டு வரும் போல.

கரிக்கணக்கு எழுதியது:

அண்ணன் சொன்னதுதான் சரி. எரிபொருள் கணக்குக் கிடைத்தால் அதுதான் முதல், டன்-கி.மீ. அதற்கு அப்புறம். போக்குவரத்து உமிழ்வைக் கணக்கிட 2023-இல் வந்த சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 14083-உம் காலி ஓட்டத்தைச் சேர்க்கத்தான் சொல்கிறது. ஷீட்டில் "கிணற்றிலிருந்து சக்கரம் வரை" என்று கேட்டிருந்தால் டீசலுக்கு 2.7 போதாது. எண்ணெய் எடுத்து, சுத்திகரித்து, பங்க்குக்குக் கொண்டுவருவதும் சேர்ந்து 3.3 பக்கம் வரும்.

வேஸ்ட் கோடவுன் எழுதியது:

கட்டிங் வேஸ்ட் கேள்விக்கு வருகிறேன், நமக்கு அதுதான் தொழில்.

காசுக்கு விற்றாலும் கழிவுதான், வகை 5. ஆனால் அது எங்கே போகிறது என்று தெரியாமல் எந்த எண்ணையும் போடாதீர்கள். வெள்ளை கட்டிங், கலர் கட்டிங் பிரித்தது ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்லுக்குப் போய்த் திரும்ப நூலாகிறது. கொஞ்சம் பெரிய துண்டு என்றால் மெஷின் துடைக்கும் துணிக்குப் போகும். அப்படிப் போனதற்கு உங்கள் கணக்கில் ஏறுவது கொண்டுபோன வண்டியின் உமிழ்வு மாதிரி சின்ன எண்தான். மில்லில் ஆவது அந்த நூலை வாங்குகிறவர் கணக்கு. மைனஸ் கிடையாது. புதுப் பருத்தி மிச்சமானது என்று பெருமையாகச் சொல்ல வேண்டுமானால் தனியாக ஒரு வரி எழுதலாம், மொத்தத்தில் கழிக்கக் கூடாது.

மாட்டுவது கலப்படம்தான். எண்ணெய் பட்டது, லேபிளும் எலாஸ்டிக்கும் கலந்தது, தரையில் கூட்டியது. இதை யாரும் வாங்க மாட்டார்கள். நம் பக்கம் குப்பை பெரும்பாலும் கைவிட்ட பாறைக்குழிக்குப் போகிறது. நீங்கள் போட்ட பிரிட்டிஷ் எண் துணிக்கு டன்னுக்கு அரை டன் பக்கம். அங்கே குப்பைமேட்டைப் போர்த்தி, மீத்தேனைக் குழாய் வைத்து எடுக்கிறார்கள், அதனால்தான் அந்த எண். நம் பாறைக்குழியில் குழாயாவது ஒன்றாவது.

ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2006 வழிகாட்டியில் இதற்கு ஒரு எளிய பெருக்கல் இருக்கிறது. துணியில் மக்கக்கூடிய கார்பன் 24 விழுக்காடு. அதில் பாதி மக்கும். ஐந்து மீட்டருக்கு மேல் ஆழமான, பராமரிப்பில்லாத குழிக்குத் திருத்த எண் 0.8. வரும் வாயுவில் பாதி மீத்தேன். கார்பனை மீத்தேன் எடைக்கு மாற்ற 16/12. எல்லாம் பெருக்கினால் ஒரு டன் துணிக்கு 64 கிலோ மீத்தேன். மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைப் போல 28 மடங்கு சூடாக்கும் என்பதால் அதை 28 ஆல் பெருக்கினால் 1.8 டன். அந்த 24 விழுக்காடும் துணியில் 40 விழுக்காடு செயற்கை இழை என்று வைத்துச் சொன்னது. முழுப் பருத்திக்கு மூன்று டன்னை நெருங்கும்.

பாலி கவர் குழிக்குள் போனால் டன்னுக்குப் பத்து கிலோகூட வராது, மக்கினால்தானே மீத்தேன். அதற்காக பிளாஸ்டிக் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். அதையே கொளுத்தினால் ஒரு கிலோவுக்கு மூன்று கிலோ வரை போகும். உங்கள் காம்பவுண்டுக்குப் பின்னால் சாயங்காலம் யாராவது கொளுத்துகிறார்களா என்று ஒருநாள் எட்டிப் பாருங்கள்.

அவினாசி ரோடு எழுதியது:

பத்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். மாதக் கடைசி மீட்டர் ரீடிங்குக்காகக் காத்திருந்தேன்.

மூன்று டெம்போவும் சேர்ந்து 8,120 கி.மீ. டிரைவர் அண்ணனிடம் மைலேஜ் கேட்டதற்கு, "ஏனுங்க, வாடகையைக் குறைக்கப் போறீங்களா?" என்றார். விளக்கிச் சொன்னதும் 14 என்றார். ஓனர் 20 என்றார், லாரி ஷெட் அண்ணன் சொன்ன மாதிரியே. 14 போட்டு 580 லிட்டர், 1.57 டன். டிரெய்லர் மூன்று நடைக்கு 1.62 டன். கப்பல் மூன்றும் நன்னம்பிக்கை முனை வழியாம், 7.7 டன் என்று வகை 9-இல் போட்டேன்.

வேஸ்ட் கடைக்காரர் எடை ரசீது எல்லாம் வைத்திருக்கிறார். 4.5 டன்னில் 4.1 பல்லடம் பக்கம் ஒரு மில்லுக்குப் போகிறது. மீதி 400 கிலோவை வாங்கிக்கொண்டு போய், பிரித்துப் பார்த்து, அவரே குப்பையில் போடுகிறாராம். எங்கள் துணி முழுப் பருத்தி, அதனால் 1.2 டன். காம்பவுண்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். சாம்பல் இருந்தது. அதை எப்படி எடை போடுவது என்று தெரியவில்லை. வாட்ச்மேனிடம் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

கரிக்கணக்கு கேட்ட விமானம்: ஆமாம். ஒரு ஆர்டர் தாமதமாகி 1.2 டன் சென்னையிலிருந்து பிராங்க்ஃபர்ட்டுக்குப் போனது. 7,600 கி.மீ., டன்-கி.மீ.க்கு 0.6 கிலோ, ஐந்தரை டன். எட்டு டன் கன்டெய்னர் ஒன்று ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

ஜி.எம். அந்த வரியில்தான் நின்றார். "பையர் சாம்பிள் அப்ரூவல் லேட்டாகக் கொடுத்ததால்தானே ஃபிளைட்டில் போனது, இது எப்படி நம்ம கணக்கு?" என்றார். ஃபிரைட் இன்வாய்ஸை எடுத்துக் காட்டினேன். எங்கள் கம்பெனி பெயரில்தான் இருந்தது. வகை 4.

கரிக்கணக்கு எழுதியது:

காசு கட்டியவர் கணக்குதான். குறிப்புப் பத்தியில் அப்ரூவல் வந்த தேதியையும் எழுதி அனுப்புங்கள்.