கற்பூர மரக் கட்டை அறுப்பு: பலகை நடுவுல மெலியுது, பார் நீலமாகுது. உதவி வேணும் (கோத்தகிரி)

கட்டபெட்டு:
வணக்கம். வேலியோரம் காத்துல சாய்ஞ்ச கற்பூர மரம் (யூகலிப்டஸ்). அடித்துண்டு ஒன்பதடி நீளம், சுத்தளவு அஞ்சடி. ரெண்டங்குலப் பலகையா அறுக்கணும். கையில இருக்கிறது 59 சிசி மெஷின் வாள், 24 அங்குல பார் (செயின் சுத்தி ஓடுற நீளத் தகடு), 3/8 செயின், அலாஸ்கன் மில் (வாளைப் படுக்க வெச்சுப் பலகை அறுக்கிற சட்டம்). கோயமுத்தூர்ல வாங்கி அங்கேயே டியூன் பண்ணினது. போன மாசம் சில்வர் ஓக் அறுத்தப்போ ஒரு குறையும் இல்லை.

இப்ப பலகை ஓரத்துல ரெண்டங்குலம், நடுவுல ஒண்ணேமுக்கால். தூள் மாவா கொட்டுது. பாரோட நுனி நீலம் பாய்ஞ்சிருக்கு. மெஷின் புகையுது, பாரம் ஏறினா திணறுது. மூணாவது பலகை முடியறதுக்குள்ள ரெண்டு முனையும் மேல தூக்கிடுச்சு, கட்டை முனையில ஒரு முழத்துக்கு வெடிப்பு. பார் வளைஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். புதுசு வாங்கலாமா?

உருட்டு அரம்:
பார் வாங்காதீங்க. முதல்ல கழட்டி சமையல் மேடை கிரானைட் மேல படுக்க வெச்சுப் பாருங்க. அடியில போஸ்ட் கார்டு நுழையலேன்னா பார் நேரா இருக்கு. நுழைஞ்சாதான் வளைவு.

நடுவுல மெலியறதுக்குப் பெரும்பாலும் செயின்தான் காரணம். மில்லுல பாரோட ரெண்டு முனையையும் கிளாம்ப் பிடிச்சிருக்கும், நடுப்பகுதிக்குப் பிடிமானம் இல்லை. வாளைப் படுக்க வெச்சதும் ஒரு வரிசைப் பல் மேல பார்க்கும், இன்னொரு வரிசை கீழ பார்க்கும். மேல் வரிசை கால் மில்லி நீளமா இருந்தாலே பார் வில்லு மாதிரி மேல ஏறும், பலகை நடுவுல மெலியும். சில்வர் ஓக் மெத்து மரம், அதுல இந்தக் குறை வெளிய தெரியாது. கற்பூரம் அதைக் காட்டிக் குடுத்துடும்.

வெர்னியர் வெச்சு எல்லாப் பல்லோட மேல்தகட்டு நீளத்தையும் அளங்க. எது ரொம்பக் குட்டையோ, மத்த எல்லாத்தையும் அந்த அளவுக்கு இறக்குங்க. செயின் பாக்கெட்டுல போட்டிருக்கிற உருட்டு அரம்தான் போடணும்; 3/8 செயினுக்கு அனேகமா 5.2 அல்லது 5.5 மில்லி. ரேக்கர் (ஒவ்வொரு பல்லுக்கும் முன்னாடி இருக்கிற, அறுப்பு ஆழத்தைக் கட்டுப்படுத்துற மேடு) பல்லை விட 0.65 மில்லி தாழ்வா இருக்கணும், அதைத் தட்டை அரத்துல கேஜ் வெச்சு இறக்குங்க.

கோணமும் முக்கியம். கடையில வர்ற செயின் குறுக்கறுப்புக்கு 25லேர்ந்து 30 டிகிரியில தீட்டினது. நெடுக அறுக்க 10 டிகிரி வேணும். ஒரே நாள்ல மாத்தினா பல் பாதி காலியாயிடும். ஒவ்வொரு தடவை தீட்டும்போதும் அஞ்சஞ்சு டிகிரியா குறைச்சுட்டு வாங்க.

தூளைக் கையில எடுத்துப் பாருங்க. ரவை மாதிரி நெருநெருன்னு இருந்தா நல்லா அறுக்குது. மைதா மாதிரி விரல்ல ஒட்டினா மொண்ணை. மொண்ணைப் பல்லை அழுத்தி ஓட்டினதுலதான் பார் சூடாகி நீலமாயிருக்கு.

குந்தா மலை:
அண்ணா சொன்னதோட, நீலத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கும். எண்ணெய்த் துளையும் பார் பள்ளமும் மாவுத்தூளால அடைச்சிருக்கும். மெல்லிசுக் கம்பியால பள்ளத்தை முழுக்கச் சுரண்டுங்க. எண்ணெய் பம்பை முழுசாத் திறங்க. பெட்ரோல் டேங்க் தீரும்போது எண்ணெய் டேங்கும் கிட்டத்தட்டத் தீரணும், பாதி மிச்சமிருந்தா பாருக்கு எண்ணெய் போகலைன்னு அர்த்தம். பழைய என்ஜின் ஆயில் ஊத்தவே கூடாது.

புகைக்கும் திணறலுக்கும் பதில் நீங்களே எழுதியிருக்கீங்க: டியூன் பண்ணினது கோயமுத்தூர்ல. அந்த ஊர் சுமார் 400 மீட்டர், கோத்தகிரி 1,800 மீட்டர் பக்கம். மேல காத்து மெலிசு, பெட்ரோல் மட்டும் பழைய அளவுல போகுது. அதான் கரும்புகை, பிளக்குல கரி. சக்தியும் 300 மீட்டருக்கு 3 சதவீதம்னு குறையும், கோத்தகிரியில ஆறுல ஒரு பங்கு போயிடுது. 59 சிசி உங்க கையில 50 சிசியாத்தான் வேலை செய்யும். அவசரமா தள்ளாதீங்க.

முதல்ல ஏர் ஃபில்டரைக் கழுவிக் காயவெச்சுப் போடுங்க. நெடுக அறுக்கும்போது ஒவ்வொரு டேங்குக்கும் ஒரு தடவை பார்க்கணும், அடைச்ச ஃபில்டரும் இதே புகையைத்தான் குடுக்கும். அப்புறம் எஞ்சின் நல்லா சூடான பிறகு கார்புரேட்டர்ல எச் ஸ்க்ரூவை (முழு வேகத்துக்குப் பெட்ரோல் அளவு வைக்கிற திருகு) அரைக்கால் சுத்து, அதாவது எட்டுல ஒரு பங்கு, உள்ள திருப்புங்க. முழு வேகத்துல பாரமில்லாம ஓட்டினா லேசா கரகரக்கணும், வாள் மரத்துல இறங்கினதும் அந்தக் கரகரப்பு போயிடணும். பாரமில்லாமலே கீச்சுன்னு சுத்தமாக் கத்தினா ரொம்ப இறுக்கிட்டீங்க, திருப்பி விடுங்க. கலவை லிட்டருக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில்.

ஒண்ணு மறக்கக் கூடாது. இந்த வாளை மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டுபோய் ஓட்டினீங்கன்னா, ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குத் திறந்துட்டு ஓட்டுங்க. மலை டியூன்ல கீழ ஓட்டினா பெட்ரோல் பத்தாம பிஸ்டன் சிக்கிடும். தானா சரி பண்ணிக்கிற கார்புரேட்டர்னா இந்த வேலையே இல்லை.

மேல்மலை:
பலகை தூக்குறதுக்கும் மெஷினுக்கும் சம்பந்தம் கிடையாது, அது மரத்தோட குணம். கற்பூர மரத்துல வெளிச்சுத்து இழுத்துப் பிடிச்ச கம்பி மாதிரி, நடுப்பகுதி அழுந்தின ஸ்பிரிங் மாதிரி. மரம் நிக்கிற வரைக்கும் ரெண்டும் ஒண்ணையொண்ணு தாங்கிக்கும். மேல ஒரு பலகையை எடுத்ததும் சமன் கெட்டுப்போகுது. பலகையோட வெளிப்பக்கம் சுருங்கி முனை மேல தூக்கும். மிச்சக் கட்டையும் முனை தாழ்ந்து நடுவுல முதுகு எடுக்கும். அந்த முதுகு மேலேயே மில்லை ஓட்டினா அடுத்த பலகையும் அதே வளைவுல வரும்.

அதனால ஒரே பக்கத்துல இருந்து வரிசையா அறுக்காதீங்க. மேல ரெண்டு எடுத்ததும் கட்டையை அரைச்சுத்து புரட்டி அடிப்பக்கம் ரெண்டு. இப்படி மாத்தி மாத்தி நடுவுக்கு வாங்க. நடுப்புள்ளி இருக்கிற நாலங்குலத்தைப் பலகையாக்க வேண்டாம், எப்படியும் வெடிக்கும். கம்பமா விட்டுடுங்க. ஒவ்வொரு தடவை புரட்டினதும் நூல் அடிச்சுப் பாருங்க. நடுவுல கால் அங்குலத்துக்கு மேல முதுகு தெரிஞ்சா மில் நேரா ஓட கட்டை மேல வைக்கிற ஏணியை மறுபடி ரசமட்டம் பார்த்து முறுக்கிட்டு ஓட்டுங்க.

ஒன்பதடி கட்டாயம் வேணுமா? ஆறரை அடி போதும்னா இப்பவே துண்டு போடுங்க, வளைவு கிட்டத்தட்டப் பாதியாயிடும். அறுக்கும்போது ஒன்றரை அடிக்கு ஒரு ஆப்பு செருகுங்க. மர ஆப்பு, இல்லேன்னா பிளாஸ்டிக். இரும்பு வேண்டாம், செயின் பட்டா பல் போச்சு. முனை வெடிப்புக்கு, லாரியில சரக்குக் கட்டுற ராட்செட் பெல்ட்டை ரெண்டு முனையிலும் இறுக்கிட்டு அறுக்க ஆரம்பிங்க.

சாய்ஞ்ச மரம்னாலும், பலகையை வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடி ரேஞ்ச் ஆபீஸ்ல கேட்டுக்கங்க. மலைப் பகுதியில 1955ம் வருஷ மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு.

கட்டபெட்டு:
மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. கிரானைட்டுல வெச்சேன், பார் நேராத்தான் இருக்கு. மேல் வரிசைப் பல் 0.4 மில்லி நீளம். சமமாத் தீட்டி, ரேக்கர் இறக்கி, எச் ஸ்க்ரூ அரைக்கால் சுத்து உள்ள. கட்டையை ஏழடியாத் துண்டு போட்டுப் புரட்டிப் புரட்டி அறுத்தேன். ஆறு பலகை. ஓரத்துக்கும் நடுவுக்கும் வித்தியாசம் ரெண்டு மில்லிதான். தூள் ரவைப் பதம். இனி காயவைக்கிறதுதான் பயமா இருக்கு, பனி வேற இறங்குது.

மேல்மலை:
கற்பூரப் பலகைக்கு மூடுபனி ஆகாததில்லை. வெயிலும் நேர்க்காத்தும்தான் எதிரி. மேல்தோல் முந்திக் காய்ஞ்சா முடிக்கோடு மாதிரி வெடிப்பு விழும். இன்னிக்கே முனை ரெண்டுக்கும் உருக்கின மெழுகு, இல்லேன்னா தடிமனா ரெண்டு கோட் பெயின்ட். ஷெட்டுக்குள்ள தரையிலேர்ந்து ஒரு அடி உயரத்துல அடுக்குங்க. ஒன்றரை அடிக்கு ஒரு ரீப்பர், ஓரங்குலச் சதுரம், எல்லா ரீப்பரும் மேலும் கீழும் ஒரே நேர்க்கோட்டுல வரணும். தள்ளி வெச்ச இடத்துல பலகை தொய்ஞ்சுடும். மேல நாலஞ்சு கருங்கல் ஏத்துங்க. முதல் ரெண்டு மாசம் பக்கவாட்டுல சாக்கு தொங்கவிடுங்க.

உங்க பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை அதிகம். சாரல் அடிக்காத பக்கமாப் பாருங்க. ரெண்டங்குலத்துக்கு ரெண்டு வருஷம்னு மனசுல வெச்சுக்கங்க. காயும்போது நல்லாச் சுருங்கும், இழைக்கவும் கொஞ்சம் போகும். அடுத்த கட்டையில காய்ஞ்ச அளவு ரெண்டங்குலம் வேணும்னா ரெண்டரைக்கு அறுங்க.

குந்தா மலை:
தம்பி, ஒரு பலகை ஓரத்துல தேதியும் அன்னைக்கு எடையும் எழுதி வைங்க. மாசம் ஒரு தடவை அதையே தராசுல வெச்சுப் பாருங்க. தொடர்ந்து மூணு மாசம், அதுவும் மழையில்லாத மாசம், எடை மாறலேன்னா இழைப்புளி வைக்கலாம்.