இரட்டை இன்ஜின் படகு: கியருக்கும் திராட்டிலுக்கும் ஒரே லீவரா, தனித்தனி லீவரா?

கேள்வி (பழைய சுக்கான்)

வணக்கம். பதினொரு ஆண்டுகளாக ஒற்றை அவுட்போர்டு இன்ஜின் (படகின் பின்புறம் வெளியே மாட்டும் இன்ஜின்) பொருத்திய சிறு படகையே ஓட்டி வந்த நான், அண்மையில் இரண்டு டீசல் இன்ஜின்கள் கொண்ட பத்து மீட்டர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். இதில் சுக்கான் சக்கரத்தின் இடப்பக்கம் கறுப்புக் குமிழுடன் இரண்டு கியர் லீவர்களும், வலப்பக்கம் சிவப்புக் குமிழுடன், இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு திராட்டில் லீவர்களும் உள்ளன. முந்தைய படகில் ஒரே லீவரை முன்னே தள்ளினால் முதலில் கியர் விழும், மேலும் தள்ளினால் வேகம் கூடும், பின்னே இழுத்தால் வேகம் குறைந்து நியூட்ரலுக்கு வந்துவிடும். என் கை அதற்கே பழகிவிட்டது.

இந்தப் பழக்கத்தால் சென்ற வாரம் சிறிய விபத்து ஒன்று நேர்ந்தது. துறையை நெருங்கும்போது படகை நிறுத்துவதாக எண்ணிச் சிவப்பு லீவர்கள் இரண்டையும் முழுவதுமாகப் பின்னே இழுத்தேன். வேகம் குறைந்ததே தவிர, கியர் முன்னோக்கியே இருந்ததால் படகு நிற்காமல் மெல்ல நகர்ந்துபோய்த் துறையின் மரக்கட்டையில் முட்டியது. பெயிண்ட் உரிந்ததோடு போயிற்று. லீவர்கள் நான்கும் மிகவும் இறுக்கமாக இருப்பதால் எப்படியும் கேபிள்களை மாற்ற வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். அப்போதே இன்ஜினுக்கு ஒரு லீவர் என்ற அமைப்புக்கு மாறிவிடலாமா? இனி என் மகனும் இந்தப் படகை ஓட்டப் பழகுவான் என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

மறுமொழி (நீரோட்டம்)

தயங்காமல் மாறிவிடுங்கள். ஒற்றை லீவரின் பெருஞ்சிறப்பு வசதியன்று, அதற்குள் இருக்கும் தடுப்புதான். கியர் முழுமையாக விழுந்த பிறகுதான் அது திராட்டிலைத் திறக்கும். திரும்பி வரும்போது திராட்டில் மூடிய பிறகுதான் கியரை விடும். இன்ஜின் உயர் ஆர்பிஎம்மில் (நிமிடச் சுற்றில்) ஓடிக்கொண்டிருக்கும்போது தவறுதலாகக் கியரை மாற்றிக் கியர்பாக்ஸைக் கெடுக்கும் வாய்ப்பு மிகவும் குறைவு. தனித்தனி லீவர்களில் இந்தக் காவல் முழுவதும் ஓட்டுபவரின் தலையில் இருக்கிறது. பழகியவருக்கு அது பாரமில்லை. பதறிய நேரத்தில் யார் பழகியவர் என்று சொல்லிவிட முடியாது.

திடீரென்று எதிரே ஒருவர் நீந்தி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் படகில் திராட்டிலை இறக்கி, கையை மாற்றி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ரிவர்ஸில் போட்டு, மீண்டும் திராட்டிலுக்குத் திரும்ப வேண்டும். ஒற்றை லீவரில் கை இடம் மாறுவதே இல்லை. நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்தி இன்ஜின் வேகம் இறங்க விட வேண்டும் என்பது மட்டும் அதற்கும் பொருந்தும். ஓடும் வேகத்திலேயே நேராக ரிவர்ஸுக்கு இழுத்தால் எந்த அமைப்பும் தாங்காது.

மறுமொழி (இரட்டைச் சுழலி)

மேலே நண்பர் சொன்னவை ஒற்றை இன்ஜின் படகுக்கு முற்றிலும் பொருந்தும். அவுட்போர்டுகளில் இருப்பது பல்லோடு பல் பொருந்தும் கிளட்ச். மெதுவாகத் தள்ளினால் பற்கள் உரசித் தேயும். ‘டக்’ என்று ஒரே மூச்சில் போட வேண்டும். அதற்கு ஒற்றை லீவர் மிகவும் ஏற்றது. ஆனால் கேட்டவரின் படகு வேறு. அவருடைய டீசல் இன்ஜின்களுக்குப் பின்னால் எண்ணெய் அழுத்தத்தில் தட்டுகள் இறுகும் ஹைட்ராலிக் கியர்பாக்ஸ் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அத்தகைய இரட்டை இன்ஜின் படகில் தனித்தனி லீவர்களின் அருமை துறையில்தான் தெரியும், அதாவது அவர் முட்டிய அதே இடத்தில்.

நான் துறைக்குள் நுழையுமுன் சிவப்பு லீவர்கள் இரண்டையும் அடிவரை இறக்கிவிட்டு, அவற்றிலிருந்து கையை எடுத்துவிடுவேன். அதன் பிறகு அவற்றை நான் தொடுவதே இல்லை. இன்ஜின்கள் நிமிடத்துக்கு 700 சுற்றில் முனகிக்கொண்டிருக்கும். கியர்பாக்ஸின் விகிதம் 2:1 என்றால் புரொப்பல்லர் 350 சுற்றுதான் சுற்றும். இடது முன்னே, வலது பின்னே என்று போட்டால் படகு நின்ற இடத்திலேயே வலப்பக்கம் திரும்பும். இரண்டு நொடி போட்டு எடுத்தால் சிறிது திரும்பும், மறுபடியும் போட்டால் இன்னும் சிறிது திரும்பும். பதற்றத்தில் கறுப்பு லீவரை எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் ஆர்பிஎம் ஏறாது என்பதால் படகு பாய்ந்துவிடும் என்ற அச்சமே இல்லை. ஒற்றை லீவரில் கியர் விழும் பள்ளத்தைத் தாண்டி விரல் அகலம் கூடுதலாகத் தள்ளிவிட்டால் திராட்டில் திறந்துவிடும். உள்ளிருக்கும் பள்ளம் தேய்ந்துபோன பழைய லீவர்களில் நியூட்ரல் எங்கே இருக்கிறது என்று கைக்கே தெரியாது. அதைவிட ஆபத்தான பொருள் படகில் வேறொன்று இல்லை என்பது என் எண்ணம்.

இன்னொன்று, நெடுந்தூரப் பயணத்தில் இரண்டு இன்ஜின்களையும் ஒரே சுற்றுக்குக் கொண்டுவருவது. இரண்டுக்கும் சிறு வித்தியாசம் இருந்தால் ‘ஊம்... ஊம்...’ என்று ஏறி இறங்கும் ஓர் ஒலி தளத்தின் வழியே காலுக்குக் கேட்கும். ஒரு சிவப்பு லீவரை மயிரிழை நகர்த்தினால் அந்த ஏற்ற இறக்கம் நீண்டுகொண்டே போய் ஒரு கட்டத்தில் அடங்கிவிடும். தனி லீவரில் அதன் வீச்சு முழுவதும் திராட்டிலுக்கே கிடைப்பதால் இந்த நுணுக்கம் கைகூடுகிறது; ஒற்றை லீவரிலோ முதல் முப்பது டிகிரி வரை கியருக்கே போய்விடுகிறது. அலை அதிகமான நேரத்தில் ஒவ்வோர் அலையின் முகட்டிலும் வேகத்தை இறக்கி ஏற்றுகையில், தவறிப்போய் நியூட்ரலுக்குள் விழுந்துவிடும் கவலையும் தனித்தனி லீவர்களில் கிடையாது. பந்தயப் படகுகளில் திராட்டிலுக்கென்றே தனியாக ஓர் ஆள் உட்காருவதை நீங்கள் பார்த்திருக்கலாம்.

நீங்கள் முட்டியதற்குக் காரணம் லீவரன்று, பழைய பழக்கம். இன்னும் பத்து முறை துறைக்கு வந்துபோனால் அது மாறிவிடும்.

மறுமொழி (நீரோட்டம்)

பத்து முறையும் முட்டாமல் வந்தால் சரி! நுணுக்கம் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அவருடைய மகன் ஓட்டப்போவதையும் நினைத்துப் பாருங்கள்.

மறுமொழி (கேபிள்காரர்)

படகு இன்ஜின் வேலையில் இருப்பவன் என்ற முறையில் ஒரு சொல். எந்த லீவர் என்று முடிவெடுக்குமுன், இறுக்கம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். கேபிளின் இன்ஜின் பக்க முனையைக் கழற்றிவிட்டு லீவரை அசைத்துப் பாருங்கள். லேசாக அசைந்தால் கேபிளில் குற்றமில்லை. கேபிள் போய் இணையும் கைதான், அதாவது கியர்பாக்ஸின் அல்லது எரிபொருளைச் செலுத்தும் இன்ஜெக்‌ஷன் பம்பின் கைதான், துருவேறி இறுகியிருக்கிறது. அப்போதும் இறுக்கமாக இருந்தால் லீவர் பக்க முனையையும் கழற்றிக் கேபிளை மட்டும் கையால் தள்ளி இழுத்துப் பாருங்கள். கேபிள் இறுகியிருந்தால் கிரீஸ் விட்டுச் சரிசெய்ய முயலாதீர்கள். உள்ளே பிளாஸ்டிக் உறை கொண்ட கேபிள் அது, தண்ணீர் புகுந்துவிட்டால் மாற்றுவது ஒன்றே வழி. ஒன்று கெட்டால் அதே வயதுடைய மற்றதும் அதிக நாள் தாங்காது என்பதால் நான் ஜோடியாகவே மாற்றுவேன்.

ஒற்றை லீவருக்கு மாறினால் கேபிள் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். குறையாது. ஒவ்வோர் இன்ஜினுக்கும் கியருக்கு ஒன்று, திராட்டிலுக்கு ஒன்று என மொத்தம் நான்கு கேபிள்கள் அப்போதும் தேவை. பரவலாகப் பயன்படும் 33சி வகைக் கேபிளின் நகர்வு மூன்று அங்குலம். வளைவின் ஆரம் 20 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. புதுக் கேபிளை மூலையில் மடக்கிப் போட்டுவிட்டு, லீவர் இறுக்கமாக இருக்கிறது என்று என்னிடம் வருபவர்கள் ஏராளம். புது லீவர் கேபிளைத் தள்ளுகிறதா, இழுக்கிறதா என்பது உங்கள் இன்ஜினின் கைக்குப் பொருந்துகிறதா என்றும் பார்த்த பிறகே வாங்குங்கள்.

எந்த அமைப்பானாலும், லீவரை முன்னே போட்டால் கியர்பாக்ஸின் கை அதன் கடைசி எல்லை வரை செல்கிறதா என்று ஒருவரைக் கீழே இறக்கிக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். பாதியில் நின்றால் தட்டுகள் வழுக்கிக் கருகிவிடும். மேலே நிற்பவருக்கு ஒன்றுமே தெரியாது.

மறுமொழி (பழைய சுக்கான்)

நண்பர்கள் அனைவருக்கும் நன்றி. இன்று காலை கேபிள்காரர் ஐயா சொன்னபடியே கழற்றிப் பார்த்தேன். திராட்டில் கேபிள்கள் இரண்டும் கையால் தள்ளினாலே நகராத அளவுக்கு இறுகியிருக்கின்றன. கியர் கேபிள்களில் குறையில்லை. வலப்பக்கக் கியர்பாக்ஸின் கைதான் துருப்பிடித்திருந்தது, துடைத்து எண்ணெயிட்டதும் அந்தக் கறுப்பு லீவர் ஒரே விரலுக்கு அசைகிறது. இப்போதைக்கு இரண்டு திராட்டில் கேபிள்களை மட்டும் மாற்றிக்கொண்டு, இதே லீவர்களோடு ஒரு பருவம் ஓட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். மகன் வேறு எந்தப் படகையும் ஓட்டியவனல்லன் என்பதால் அவனுக்கு மாற்ற வேண்டிய பழக்கம் என்று எதுவும் இல்லை.

மறுமொழி (இரட்டைச் சுழலி)

நல்ல முடிவு. புதுக் கேபிள் லேசாக ஓடும் என்பதால் அதிர்விலேயே சிவப்பு லீவர் தானாகப் பின்னே நகரக்கூடும். லீவரின் அடியில் உராய்வைக் கூட்டும் திருகு ஒன்று இருக்கும். கையை எடுத்தாலும் லீவர் அங்கேயே நிற்கும் அளவுக்கு அதை முறுக்கிவிடுங்கள்.