ஆர்டிஎக்ஸ் 5070-ஆ, ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி-யா? ரிவ்யூ வர்றதுக்கு முன்னாடி எப்படி ஒப்பிடுறது?

கருவண்டு | 1 மார்ச் 2025, காலை 9:12

ஏஎம்டி அவங்களோட புது கிராபிக்ஸ் கார்டுகளுக்கு (ஆர்எக்ஸ் 9070 வரிசை) நேத்து ஒருவழியா விலையைச் சொல்லிட்டாங்க. 9070 எக்ஸ்டி 599 டாலர், 9070 549 டாலர், மார்ச் 6 விற்பனை. போட்டி கார்டான என்விடியா ஆர்டிஎக்ஸ் 5070-உம் 549 டாலர்தான், நம்ம ஊர் விலை 59,000 ரூபாய், மார்ச் 5 விற்பனை. எதுக்கும் இன்னும் ரிவ்யூ வரல.

பிரச்சினை என்னன்னா, ஏஎம்டி ஸ்லைடு முழுக்க அவங்களோட பழைய 7900 ஜிஆர்இ கார்டோட ஒப்பீடு (4கே-ல எக்ஸ்டி 42%, சாதா 9070 21% வேகம்னு சொல்றாங்க). என்விடியா ஸ்லைடு அவங்களோட போன தலைமுறை 4070-ஓட ஒப்பீடு. ரெண்டையும் நேருக்கு நேர் வெச்ச படம் ஒண்ணுகூட இல்ல. போதாததுக்கு "5070-ல 4090 பெர்ஃபாமன்ஸ்"னு ஜனவரி சிஇஎஸ் கண்காட்சி மேடையில என்விடியா சொன்னது வேற (4090 போன தலைமுறையோட உச்ச கார்டு).

என்கிட்ட இருக்கிறது ரைசன் 5 5600 சிபியு, பி550 போர்டு, 3060 டிஐ கார்டு, 650 வாட் பவர் சப்ளை, 1440பி 165 ஹெர்ட்ஸ் மானிட்டர். முதல் நாள் ஸ்டாக் நிமிஷத்துல காலியாகிடும், அதனால முன்னாடியே முடிவு பண்ணி வெச்சுக்கணும். இப்ப வெளிய இருக்கிற தகவலை வெச்சே குத்துமதிப்பா கணக்குப் போட வழி இருக்கா?

---

சிலிக்கான் செல்லையா | 1 மார்ச் 2025, காலை 10:40

வழி இருக்கிறது. இரண்டு நிறுவனங்களின் எண்களையும் ஏற்கெனவே ரிவ்யூ வந்த ஒரே கார்டுக்குக் கொண்டுவர வேண்டும். இந்த ஜோடிக்கு என்விடியாவின் போன தலைமுறை 4070 சூப்பர் பொருத்தமானது.

முதலில் அந்த 4090 வாக்கியத்தைத் தூக்கி ஓரமாக வையுங்கள். அங்கே 5070-இல் ஓடுவது 4எக்ஸ் மல்டி ஃப்ரேம் ஜெனரேஷன் (ஒரு உண்மையான ஃப்ரேமுக்கு மூன்று ஃப்ரேமை ஏஐ இட்டு நிரப்புவது), 4090-இல் ஓடுவது பழைய 2எக்ஸ் (ஒன்றுக்கு ஒன்று). இரண்டிலும் திரையில் 100 எஃப்பிஎஸ் (நொடிக்கு 100 ஃப்ரேம்) என்று வைத்துக்கொள்ளுங்கள். 4090 அதில் 50 ஃப்ரேமை உண்மையாக ரெண்டர் செய்கிறது. 5070 ரெண்டர் செய்வது 25தான், மீதி 75 இடைச்செருகல். மவுஸை அசைத்தால் கை உணர்வது அந்த 25-இன் தாமதத்தை. 12 ஜிபி மெமரியும் 24 ஆகிவிடாது.

என்விடியாவின் 5070 வரைபடத்தில் நமக்கு உதவுவது ஃபார் க்ரை 6, எ பிளேக் டேல் ரெக்வியம் என்ற இரண்டு ஆட்டங்களின் பட்டைகள் மட்டுமே. அவற்றில் மல்டி ஃப்ரேம் ஜெனரேஷன் இல்லை. பக்கத்தில் ஃப்ளக்ஸ் என்று ஒரு ஏஐ பட்டை நிற்கும். அடிக்குறிப்பைப் படித்தால் 40 சீரிஸை எஃப்பி8-இலும் 50 சீரிஸை எஃப்பி4-இலும் (துல்லியம் குறைந்த, லேசான எண்வடிவம்) ஓட்டியிருப்பது தெரியும். அதை எண்ணிக்கையில் சேர்க்கவே கூடாது.

பட்டைகளின் மேல் எண் போட்டிருக்க மாட்டார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து பெயிண்டில் திறந்து பிக்சல் அளந்துகொள்ளுங்கள். அதற்கு முன் 4070 பட்டையின் உயரமும் 1-க்கும் 2-க்கும் இடையே உள்ள கோட்டு இடைவெளியும் சமமா என்று பாருங்கள். சமமில்லை என்றால் அச்சு பூஜ்யத்தில் தொடங்கவில்லை, அளந்த விகிதம் தப்பாகும். அந்த இரண்டு பட்டைகளும் தோராயமாக 1.3 மடங்கு காட்டுகின்றன.

அதை நம்பலாமா என்பதற்கு ஒரு குறுக்குச் சோதனை இருக்கிறது. 5080, 5070 டிஐ இரண்டுக்கும் ரிவ்யூ வந்துவிட்டது. 4080 சூப்பரைவிட 5080-இல் கூடா கோர் (கணக்குப் போடும் சிற்றலகு) 5% அதிகம், மெமரி பேண்ட்விட்த் (வினாடிக்கு நகரும் தரவு) 30% அதிகம் (736-இலிருந்து 960 ஜிபி/வினாடி). 5070 டிஐ-யில் 4070 டிஐ சூப்பரைவிட கோர் 6% அதிகம், பேண்ட்விட்த் 33% அதிகம். ரிவ்யூக்களில் இரண்டுக்கும் கிடைத்த முன்னேற்றம் பெரும்பாலும் 10 முதல் 15 சதவீதம். அதாவது ஜிடிடிஆர்7 என்ற புது மெமரி தரும் கூடுதல் பேண்ட்விட்த் முழுசாக எஃப்பிஎஸ்-ஆக மாறவில்லை.

இப்போது 5070: கோர் 6144, 4070-இல் 5888. வெறும் 4% அதிகம். பேண்ட்விட்த் 504-இலிருந்து 672, 33% அதிகம். வாட் 200-இலிருந்து 250, ஆகவே க்ளாக்குக்குக் கொஞ்சம் கூடுதல் இடம். 4070-ஐவிட 15 முதல் 20 சதவீதம் என்பதுதான் நியாயமான எதிர்பார்ப்பு, 30 அல்ல. 4070 சூப்பரே 4070-ஐவிட ஏறத்தாழ 15% வேகம். ஆகவே 5070 என்பது 4070 சூப்பர், ஐந்து சதவீதம் முன்னே பின்னே.

அடுத்து ஏஎம்டி பக்கம். ரே ட்ரேசிங் (ஒளிக்கதிரின் பாதையைக் கணக்கிட்டு வெளிச்சம், நிழல் வரைவது) இல்லாத ஆட்டங்களில் 7900 ஜிஆர்இ-யும் 4070 சூப்பரும் கிட்டத்தட்ட ஒரே இடம். ஸ்லைடின் 42%-ஐ அப்படியே எடுத்தால் 5070-ஐவிட எக்ஸ்டி 40% முன்னால் என்று வரும். ஆனால் அந்தச் சராசரிக்குள் ரே ட்ரேசிங் ஆட்டங்களும் இருக்கின்றன. ஜிஆர்இ அதில் பலவீனமான கார்டு, ஆகவே சராசரி ஊதியிருக்கிறது. ஆட்ட வாரியாக உள்ள ஸ்லைடை எடுத்து, ரே ட்ரேசிங் வரிகளை நீக்கி, மீதியை ஜியாமெட்ரிக் மீன் (பெருக்குச் சராசரி) போட்டுப் பாருங்கள். 1440பி-இல் இடைவெளி இன்னும் சுருங்கும். என் கணக்கில் உங்கள் மானிட்டரில் 5070-ஐவிட 9070 எக்ஸ்டி 20 முதல் 25 சதவீதம் முன்னால், சாதா 9070 ஐந்து முதல் பத்து.

---

ஓவர்க்ளாக் ஒண்டிவீரன் | 1 மார்ச் 2025, பகல் 12:05

அண்ணே, என்விடியாவுக்குப் போட்ட குறுக்குச் சோதனையை ஏஎம்டிக்கும் போடுங்க, அப்புறம் பேசலாம்.

ஜிஆர்இ 80 சியூ (ஏஎம்டியோட கணக்கு அலகு), பூஸ்ட் க்ளாக் 2245 மெகாஹெர்ட்ஸ். 9070 எக்ஸ்டி 64 சியூ, பூஸ்ட் 2970. பெருக்கிப் பாத்தா காகிதத்துல 6%தான் கூடுது. காகிதக் கணக்கு வேகம் 46 டெராஃப்ளாப்ஸ் இருந்தது 48.7 ஆகுது. மெமரி இன்னும் ஜிடிடிஆர்6, 576-லிருந்து 640 ஜிபி/வினாடி, 11%. வாட் 260-லிருந்து 304, 17%. இதுல எங்கிருந்து 42% வரும்?

2022 நவம்பர்ல 7900 எக்ஸ்டிஎக்ஸ்-க்கு 6950 எக்ஸ்டி-யைவிட "1.7 மடங்கு வரை"ன்னு இதே ஆளுங்கதான் போட்டாங்க. டிசம்பர்ல ரிவ்யூ வந்தப்போ சராசரி ஒன்றரை மடங்குக்குக் கீழதான். "வரை"ங்கற சொல்லுக்குள்ள எதை வேணா ஒளிச்சு வைக்கலாம்.

---

சிலிக்கான் செல்லையா | 1 மார்ச் 2025, பகல் 1:31

நல்ல கேள்வி, ஒண்டிவீரன். காகிதக் கணக்கு ஒரே மாதிரி கட்டமைப்புக்குள்தான் செல்லுபடியாகும். ஏடாவிலிருந்து (என்விடியா 40 சீரிஸ்) பிளாக்வெல்லுக்குப் (50 சீரிஸ்) போகும்போது ஒரு கோர் செய்யும் வேலை பெரிதாக மாறவில்லை என்பதை 5080 ரிவ்யூவே காட்டிவிட்டது. அதனால் அங்கே அந்தச் சோதனை பலிக்கிறது. ஏஎம்டியின் ஆர்டிஎன்ஏ 3-க்கும் (7900 வரிசை) ஆர்டிஎன்ஏ 4-க்கும் (9070 வரிசை) நடுவே அந்த உறவு இல்லை.

நீங்கள் சொன்ன 7900 எக்ஸ்டிஎக்ஸ்-ஐயே பாருங்கள். அதற்கு 61 டெராஃப்ளாப்ஸ், 6950 எக்ஸ்டி-க்கு 23.7. காகிதத்தில் 2.6 மடங்கு! ஒரே சுழற்சியில் இரண்டு கட்டளைகளை அனுப்பும் வசதியை வைத்து எண்ணியதால் வந்த வீக்கம் அது. ஆட்டங்களில் அந்த வசதிக்கு எப்போதாவதுதான் வேலை. 2020-இல் என்விடியாவின் ஆம்பியர் (30 சீரிஸ்) வந்தபோதும் இதே கதை. 2080 டிஐ-யில் 4352 கோர், 3080-இல் 8704, ஆனால் எஃப்பிஎஸ் இரட்டிக்கவில்லை. தலைமுறை மாறும் இடத்தில் டெராஃப்ளாப்ஸ் மேலேயும் ஏமாற்றும், கீழேயும் ஏமாற்றும். நீங்கள் சொன்ன 46, 48.7 இரண்டுமே இப்படி ஊதிய எண்கள், அவற்றை அடியாக வைத்துப் போடும் உங்கள் 6% ஆட்ட வேகத்தைச் சொல்லாது.

இன்னொன்று, ஜிஆர்இ ஒரு வெட்டிய கார்டு. 80 சியூ-வை 2245 மெகாஹெர்ட்ஸில் கட்டிப்போட்டது. சியூ எண்ணிக்கையோடு சேராத பகுதிகளெல்லாம் (ஜியாமெட்ரி, ராஸ்டரைசர், கேஷ்) க்ளாக்கைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும். 2245-இலிருந்து 2970 என்பது அவற்றுக்கு நேராக 32%. ரே ட்ரேசிங்கில் ஒரு சியூ-வின் கதிர் வெட்டுச் சோதனை வேகத்தை இரட்டிப்பாக்கியிருப்பதாக ஏஎம்டி சொல்கிறது.

மற்றபடி "1.7 மடங்கு வரை" என்பது உச்சம், 42% என்பது 30-க்கு மேற்பட்ட ஆட்டங்களின் சராசரி. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனாலும் 42-ஐ 35-ஆக வெட்டிக்கொண்டுதான் மேலே கணக்குப் போட்டேன், அதைக் கவனியுங்கள்.

---

ஃப்ரேம்டைம் | 1 மார்ச் 2025, மாலை 4:18

கசிந்த பெஞ்ச்மார்க் ஸ்கோர்களைப் பற்றி யாரும் பேசாததால் நான் சொல்கிறேன். அதில் பாதிக்கு மேல் குப்பை.

கீக்பெஞ்ச் ஓப்பன்சிஎல் கம்ப்யூட் சோதனை, ஆட்டத்துக்குத் தேவையான டெக்ஸ்சர், ரே ட்ரேசிங் யூனிட்டுகளைத் தொடவே தொடாது. பிளெண்டர் ஸ்கோரில் என்விடியா தன் சொந்த ஆப்டிக்ஸ் வழியாக ஓடும், அதை வைத்து ஆட்ட வேகத்தைச் சொன்னால் ரேடியான் (ஏஎம்டி கார்டு) பாவம். டைம் ஸ்பை பரவாயில்லை, ஆனால் மொத்த ஸ்கோரில் சிபியு மதிப்பெண்ணும் கலந்திருக்கும். கிராபிக்ஸ் ஸ்கோரை மட்டும் எடுங்கள். 2016-இல் வந்த சோதனை என்பதால் அதில் ரே ட்ரேசிங் கிடையாது. ஸ்டீல் நோமேட் சோதனை இப்போதைய ஆட்டங்களுக்குக் கொஞ்சம் நெருக்கம்.

எந்தக் கசிவாக இருந்தாலும் டிரைவர் பதிப்பு, க்ளாக், வாட் மூன்றும் தெரிய வேண்டும். டிசம்பர், ஜனவரியில் சுற்றிய 9070 எக்ஸ்டி ஸ்கோர்களெல்லாம் இறுதி டிரைவர் வருவதற்கு முந்தியவை. 304 வாட்டுக்கு மேல் வைத்த ஓசி (ஓவர்க்ளாக்) மாடலில் எடுத்த ஸ்கோரை 599 டாலர் கார்டின் தலையில் கட்டுபவர்களும் உண்டு. முக்கியமாக, 9070 எக்ஸ்டி-யின் கசிந்த ஸ்கோரை 5070-இன் கசிந்த ஸ்கோரோடு ஒப்பிடாதீர்கள். ஜிஆர்இ-யின் ஸ்கோரோடு வகுத்து விகிதம் எடுங்கள், அங்கிருந்து செல்லையா சார் சொன்ன பாதையில் போங்கள். ஒரே குடும்பத்துக்குள் வகுக்கும்போது சோதனையின் பாரபட்சம் பெரும்பாலும் அடிபட்டுப் போய்விடும்.

ராஸ்டர் (ரே ட்ரேசிங் இல்லாதது), சாதாரண ரே ட்ரேசிங், பாத் ட்ரேசிங் (முழு வெளிச்சத்தையும் கதிர்களாலேயே கணக்கிடுவது) மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். சைபர்பங்கின் பாத் ட்ரேசிங், ஆலன் வேக் 2 மாதிரி ஆட்டங்கள்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் மேலே போட்ட 20-25% அங்கே செல்லாது. அந்த இடத்தில் 5070 முந்தினாலும் ஆச்சரியமில்லை.

கருவண்டுக்குத் தனியாக: உங்கள் சிபியு 5600. ரிவ்யூக்காரர்கள் 9800எக்ஸ்3டி என்ற அதிவேக சிபியுவில் ஓட்டுவார்கள். 1440பி-இல் 165 எஃப்பிஎஸ் துரத்தும் ஆட்டங்களில் சிபியு முதலில் மூச்சு வாங்கும், 25% வித்தியாசம் பத்தாகச் சுருங்கலாம். சிங்கிள் பிளேயரை அல்ட்ராவில் ஆடினால் வித்தியாசம் தெரியும். பயாஸில் 'அபவ் 4ஜி டிகோடிங்', 'ரீசைசபிள் பார்' இரண்டையும் ஆன் செய்து வையுங்கள். அது ஆஃபில் இருந்தால் ரேடியான் சில ஆட்டங்களில் நன்றாகவே அடி வாங்கும்.

---

கருவண்டு | 1 மார்ச் 2025, இரவு 8:50

எல்லாருக்கும் நன்றிங்க. பாத் ட்ரேசிங் எனக்குத் தேவையில்ல, பெரும்பாலும் சிங்கிள் பிளேயர்தான். அப்போ எக்ஸ்டி பக்கம்தான் சாயுது. ரெண்டு சந்தேகம். நம்ம ஊர்ல எக்ஸ்டி எவ்வளவு விலைக்குள்ள வந்தா எடுக்கலாம்? 650 வாட் தாங்குமா?

---

சிலிக்கான் செல்லையா | 1 மார்ச் 2025, இரவு 9:27

விலைக்கு எளிய கணக்கு: 20% கூடுதல் வேகம் என்றால் 20% கூடுதல் விலை வரை சமம். 59,000-க்கு மேல் 20% என்றால் 70,800. எக்ஸ்டி அதற்குக் கீழே கிடைத்தால் எடுங்கள், கூடவே 4 ஜிபி மெமரி லாபம். 75,000 தாண்டினால் 5070 டிஐ-யின் அறிவித்த விலைக்குப் பக்கத்தில் போய்விடுகிறீர்கள். ஆனால் அந்த விலையில் டிஐ எங்கே கிடைக்கிறது என்று கேட்டால் பதிலில்லை. எக்ஸ்டி-க்கு ஏஎம்டி சொந்த மாடல் எதுவும் வெளியிடவில்லை, எல்லாமே பார்ட்னர் கார்டுகள்தான். முதல் நாள் விலைக்கு வரும் அடிப்படை மாடல்களின் பெயரை இப்போதே குறித்து வையுங்கள்.

---

ஓவர்க்ளாக் ஒண்டிவீரன் | 1 மார்ச் 2025, இரவு 10:03

650 வாட் பத்தி: எக்ஸ்டி-க்கு ஏஎம்டி பரிந்துரை 750. 5600 சாப்பிடுறது கம்மிங்கறதால நல்ல 650 கோல்டு யூனிட்ல அடிப்படை மாடல் ஓடிரும். ஆனா 330, 340 வாட் ஓசி மாடல் பக்கம் போகாதீங்க. உங்க யூனிட்ல தனித்தனி 8 பின் கேபிள் ரெண்டு இருக்கான்னு பாருங்க. ஒரே கேபிள்ல ரெண்டு தலை பிரியுற வகையை மட்டும் நம்பி எக்ஸ்டி-யை மாட்ட வேண்டாம். பவர் லிமிட்டை 10% குறைச்சு ஓட்டினா வேகம் கொஞ்சம்தான் குறையும், பவர் சப்ளைக்கும் நிம்மதி.

5070 எடுக்குற முடிவுக்கு வந்தீங்கன்னா 16 பின் கனெக்டர் வரும், கிளிக் ஆகி முழுசா உள்ள போச்சான்னு பாத்துக்கோங்க. மாட்டினதும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து ஆர்ஓபி (பிக்சலை எழுதுற அலகு) 80 காட்டுதான்னு ஒரு தடவை பாருங்க. போன மாசம் 5070 டிஐ சிலதுல 96-க்குப் பதிலா 88 வந்துச்சு, என்விடியாவே ஒத்துக்கிட்டு மாத்தித் தர்றாங்க. 32 பிட் ஃபிஸ்எக்ஸ் (ஆட்டத்துல புகை, துணி மாதிரி இயற்பியல் விளைவு தர்றது) ஆதரவையும் 50 சீரிஸ்ல எடுத்துட்டாங்க, பழைய பேட்மேன், பார்டர்லேண்ட்ஸ் 2 ஆடுற ஆளா இருந்தா அதையும் கணக்குல வெச்சுக்கோங்க.

---

ஃப்ரேம்டைம் | 1 மார்ச் 2025, இரவு 10:41

ஒண்ணே ஒண்ணு சேர்த்துக்கொள்கிறேன். இப்படிப்பட்ட வெளியீடுகளில் ரிவ்யூ தடை பெரும்பாலும் விற்பனைக்கு முந்தின நாள் மாலை விலகும். எக்ஸ்டி-க்கு அது மார்ச் 5. ரிவ்யூ வந்ததும் முதலில் 1440பி பக்கத்தைத் திறந்து, ஜிஆர்இ பட்டைக்கும் எக்ஸ்டி பட்டைக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். 1.3-க்கு மேல் இருந்தால் இந்த இழையின் கணக்கு நிற்கிறது, ஆர்டர் போடலாம். 1.2-க்குக் கீழே இருந்தால் 5070-இன் பட்டையைத் தேடிப் போங்கள்.