தலைசிறந்த பிஞ்ச் ஹிட்டர் யார்?

தெம்பனிஸ் அம்மா:
வணக்கம். என் மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள், பள்ளியின் சாப்ட்பால் அணியில் இருக்கிறாள். தொடக்க ஆட்டக்காரர்களில் அவள் பெயர் வருவதில்லை. ஆனால் கடைசி இன்னிங்ஸில் ஓட்டம் தேவைப்பட்டால் பயிற்றுநர் அவளைத்தான் மட்டையோடு அனுப்புகிறார். அவ்வளவு நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்த உடனே அடிக்க வேண்டும். பேஸ்பாலில் இப்படி இன்னொருவருக்குப் பதிலாக மட்டை பிடிக்க இறங்குபவரைப் பிஞ்ச் ஹிட்டர் என்கிறார்கள், இதையே வேலையாகச் செய்து பெயர் வாங்கியவர்கள் உண்டாமே? அவர்களில் யார் பெரியவர், எப்படித் தயாரானார் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈசூன் ரசிகன்:
சந்தேகமே வேண்டாம் அக்கா, லென்னி ஹாரிஸ். பிஞ்ச் ஹிட்டராக இறங்கி 212 முறை வெற்றிகரமாக அடித்திருக்கிறார். மானி மோட்டாவின் 150 என்ற சாதனையை 2001இல் தாண்டினார். அவருக்கு அடுத்த இடத்தில் இருக்கும் மார்க் ஸ்வீனி 175. பந்தை வேலிக்கு வெளியே அடிக்கும் ஹோம் ரன் கணக்கு வேண்டுமென்றால் கனடாக்காரர் மாட் ஸ்டேர்ஸ், 23.

ஜூரோங் பெரியவர்:
தம்பி சொன்ன கணக்கு சரி, ஆனால் அமெரிக்காவோடு நின்றுவிட்டார். 27 ஹோம் ரன் அடித்த ஒருவர் ஜப்பானில் இருந்தார். ஹன்கியூ பிரேவ்ஸ் அணியின் யசுஹிரோ தகாய். எழுபதுகளில் ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தபோது எங்களுக்கு மேலே ஜப்பானியப் பொறியாளர்கள் இருந்தார்கள். மதிய உணவு நேரத்தில் அவர்கள் வாயில் பேஸ்பாலைத் தவிர வேறு பேச்சு வராது. தகாயின் பெயர் அப்படித்தான் என் காதில் விழுந்தது.

அம்மா, உங்கள் மகளுக்கு வேண்டியது இவருடைய கதைதான். தகாய் பெஞ்சில் சும்மா உட்காரவில்லை. எதிரணிப் பந்து எறிபவர்களைக் கண்கொட்டாமல் பார்த்துக் குறிப்பு எழுதினார். வேகப் பந்து எறியும்போது கையுறை எப்படி இருக்கிறது, வளைபந்து என்றால் கை எப்படித் திரும்புகிறது, இப்படி ஒவ்வொருவரின் பழக்கத்தையும் பிடித்து வைத்திருந்தார். மட்டையை எடுக்கும்போது வரப்போகும் பந்து பாதி தெரிந்துவிடும். சிறந்த ஆட்டக்காரர்களை மட்டும் சேர்த்து நடத்தும் 1974 ஆல் ஸ்டார் ஆட்டத்திலும் பிஞ்ச் ஹிட்டராக வந்து, ஆட்டத்தை முடித்துவைக்கும் ஹோம் ரன் அடித்தார். முழு ஆட்டம் ஆடுகிறவருக்கு முதல் வாய்ப்பில் தவறினாலும் இன்னும் மூன்று வாய்ப்பு வரும். இவருக்கு இருந்தது ஒன்றே ஒன்று. அதில் 27 முறை பந்தை வேலிக்கு வெளியே அனுப்பியவரைத்தான் நான் முதலில் வைப்பேன்.

சிராங்கூன் வாசகர்:
ஐயா, கர்க் கிப்சனை எப்படி விட்டீர்கள்? 1988 உலகத் தொடர், அதாவது அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர், முதல் ஆட்டம். இரண்டு காலிலும் காயம், அறையில் ஐஸ் கட்டிக்கொண்டு கிடந்தவர். ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட், அவருடைய டாட்ஜர்ஸ் அணி 3-4 என்று பின்தங்கியிருந்தது. நொண்டிக்கொண்டே வந்து எதிரணியின் டென்னிஸ் எக்கர்ஸ்லி எறிந்த பந்தை வெளியே அடித்தார், 5-4. அந்தத் தொடரில் அவர் மட்டை பிடித்தது அந்த ஒரே முறைதான்.

ஜூரோங் பெரியவர்:
மறக்கவில்லை தம்பி, அதுவும் குறிப்பு ஜெயித்த கதைதான். மூன்று பால் (அடிக்கும் எல்லைக்கு வெளியே போன பந்து), இரண்டு ஸ்ட்ரைக் (தவறவிட்ட பந்து) என்று வந்தால் இடக்கை ஆட்டக்காரருக்கு எக்கர்ஸ்லி வெளியிலிருந்து உள்ளே திரும்பும் ஸ்லைடரைத்தான் எறிவார் என்று டாட்ஜர்ஸின் உளவாளர் மெல் டிடியர் முன்பே சொல்லியிருந்தார். கிப்சன் கட்டத்தை விட்டு வெளியே வந்து நின்று அதை நினைத்துப் பார்த்தார். அதே பந்து வந்தது. மேலாளர் லசோர்டாவும் சாமர்த்தியம் காட்டினார். கிப்சனை உள்ளேயே ஒளித்துவைத்து, அடுத்து ஆடப்போவது டேவ் ஆண்டர்சன் என்பதுபோல் வெளியே நிற்க வைத்தார். அதற்குள் கிப்சனுக்கு முன் ஆடிய மைக் டேவிஸ், நான்கு பால் வந்ததால் அடிக்காமலே நடந்து முதல் பேஸுக்குப் போய்விட்டார்.

ஆனால் ஒரே அடியை வைத்து முதலிடம் கொடுப்பதானால் டஸ்டி ரோட்ஸ் சண்டைக்கு வருவார். 1954 உலகத் தொடரில், நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில், மான்டி இர்வினுக்குப் பதிலாக வந்து, பத்தாவது இன்னிங்ஸில் மூன்று ஓட்ட ஹோம் ரன். வலப்பக்க வேலி 260 அடிகூட இல்லை என்று குறை சொல்வார்கள். வேலி இரண்டு அணிக்கும் பொதுதானே!

தெம்பனிஸ் அம்மா:
மிக்க நன்றி ஐயா. மகளிடம் படித்துக் காட்டினேன். பந்து எறியும் பெண்ணிடம் முதலில் எதைக் கவனிப்பது என்று கேட்கிறாள்.

ஜூரோங் பெரியவர்:
முதல் பந்தை எங்கே எறிகிறாள் என்று பார்க்கச் சொல்லுங்கள். பயத்தில் இருக்கும் பந்து எறிபவர் நடுவிலேயே எறிவார். அடுத்து, களைத்த பிறகு எந்தப் பந்தை விட்டுவிடுகிறாள் என்று பார்க்கட்டும். உங்கள் மகள் இறங்குவது கடைசி இன்னிங்ஸில் அல்லவா, அதுதான் அவளுக்கு முக்கியம்.