லினக்ஸில் கைரேகை, கூடவே யூபிகீ: இனி மாஸ்டர் பாஸ்வேர்டு தேவையா?

இரட்டைபூட்:
ஒரே லேப்டாப்பில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் உண்டு. இரண்டிலும் ஒரே கிளவுட் பாஸ்வேர்டு மேனேஜர்தான். விண்டோஸில் விரல் வைத்தால் பிரவுசர் எக்ஸ்டென்ஷன் வரை திறந்துவிடுகிறது. லினக்ஸில் டெஸ்க்டாப் ஆப் திறக்கிறது, எக்ஸ்டென்ஷன் மட்டும் மாஸ்டர் பாஸ்வேர்டு கேட்டு அடம்பிடிக்கிறது. யூபிகீ (யுஎஸ்பியில் செருகும் பாதுகாப்புச் சாவி) வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா?

முனையக்காரன்:
தீராது. அது வேறு பூட்டு.

கைரேகை எங்கும் போவதில்லை. பாஸ்வேர்டுகள் இருக்கும் பெட்டகத்தைத் திறக்கும் ரகசியத்தை உங்கள் கருவியே வைத்திருக்கிறது, விரல் சரியென்று தெரிந்ததும் எடுத்துக் கொடுக்கிறது. லினக்ஸில் டெஸ்க்டாப் ஆப், அனுமதிகளைக் கவனிக்கும் போல்கிட்டிடம் கேட்கும், விரலைப் படிப்பது எஃப்பிரிண்ட்டி என்ற பின்னணிச் சேவை. எக்ஸ்டென்ஷனுக்கு இது எதுவும் தெரியாது, ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்க்டாப் ஆப்பைத்தான் கேட்கும். ஆப், பிரவுசர் இரண்டில் ஒன்று ஸ்னாப்பிலோ பிளாட்பேக்கிலோ (மற்ற ஆப்களிலிருந்து பிரித்து வைக்கும் பேக்கேஜ் வகைகள்) இருந்தால் இந்தப் பேச்சு தடைபடலாம். இரண்டையும் அப்படிப் பிரித்து வைக்காத டெப் பேக்கேஜாகப் போட்டுப் பாருங்கள்.

யூபிகீயை உள்நுழைவின் இரண்டாம் படியாகச் சேர்த்தால், அது சர்வர் வாசலில் நிற்கும் காவலாள். உள்ளே பெட்டகத்தைப் பூட்டியிருப்பது அப்போதும் மாஸ்டர் பாஸ்வேர்டுதான். பாஸ்கீயை (பாஸ்வேர்டுக்குப் பதிலான உள்நுழைவுச் சான்று) வைத்தே பெட்டகத்தைத் திறக்க பிஆர்எஃப் என்று ஒரு வசதி உண்டு. ஆனால் சாவி, பிரவுசர், ஓஎஸ் மூன்றும் ஒத்துழைக்க வேண்டும். பல ஓஎஸ்ஸில் புழங்குகிறவர் அதை மட்டும் நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பாஸ்வேர்டுகளை உங்கள் கணினியிலேயே ஒரு கோப்பில் வைக்கும் கீபாஸ்எக்ஸ்சி கதையே வேறு. அங்கே சாவி தனக்குள் இருக்கும் ரகசியத்தை வைத்துக் கணக்கிட்டுத் தரும் ஹெச்மேக்-ஷா1 பதிலும் சேர்ந்துதான் கோப்பு பூட்டப்படுகிறது. சாவி தொலைந்தால் கோப்பும் போச்சு. அதனால் முதல் நாளே ஒரே ரகசியத்தை இரண்டு சாவிகளில் ஏற்றிவிடுங்கள். ஃபிடோ (பாஸ்கீக்கான உள்நுழைவுத் தரம்) மட்டும் உள்ள மலிவான சாவிகளில் இந்த வசதி கிடையாது, பெட்டியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

நீலத்திரை:
இன்னொன்று. யூபிகீயில் ஃபிடோ2 பின்னைத் தொடர்ந்து 8 தடவை தப்பாகப் போட்டால் அந்தப் பகுதி பூட்டிக்கொள்ளும். ரீசெட் செய்தால்தான் திறக்கும், செய்தால் உள்ளே இருந்த பாஸ்கீ எல்லாம் அழிந்துவிடும்.

இரட்டைபூட்:
ஆப் ஸ்னாப்பில்தான் இருந்தது. டெப்புக்கு மாற்றியதும் எக்ஸ்டென்ஷன் விரலுக்குத் திறக்கிறது, நன்றி. சரி, கிளவுட் கணக்குக்கும் இரண்டு சாவி வேண்டுமா?

முனையக்காரன்:
வேண்டும். ஆனால் இங்கே ரகசியத்தை நகல் எடுக்க முடியாது, இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். ரெகவரி கோடைத் தாளில் எழுதி வையுங்கள், அந்தப் பெட்டகத்துக்குள்ளேயே போட்டுவிடாதீர்கள்.